ஒட்டகச்சிவிங்கிக்குக் கீழே

லிஃப்ட் சோதிப்பவருக்கு அவர் குடியிருந்த கட்டடத்தில் ஜாக்கிரதையார் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. மனைவி மட்டும் கோபம் வந்தால் கூப்பிடுவாள். அவர் வேலை அப்படிப்பட்டது. ஒரு லிஃப்டில் இவர் ஏறிக் குதித்துப் பார்த்து, கம்பியைத் தட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் ஏறலாம். வேலையை வேலை இடத்திலேயே விட்டுவிட்டு வரும் மனிதர்கள் உண்டு. இவர் அந்த ரகம் இல்லை. சாப்பிட உட்காருமுன் நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார்.

ஆகவே கார்னிவலுக்குக் கிளம்புகிற அன்று காலையில் சாப்பாட்டு மேசையில் ஒரு கூட்டம் போட்டார். கேட்க வேண்டியவர்கள் மூன்று பேர்: மனைவி, ஏழு வயது மகள் வாலு, பேக்கரியில் வேலை பார்க்கும் மச்சினன். வாலு என்பது அவள் பெயரல்ல, அவள் குணம்.

"செருப்பு வேணாம், ஷூ போடுங்க. கம்மலைக் கழட்டு. போன், பர்ஸ் எல்லாம் என்கிட்ட குடுத்துடுங்க, என் இடுப்புப் பையில இருக்கட்டும். கூட்டத்துல பிக்பாக்கெட் அதிகம்."

"போன் இல்லாம எப்படி மாமா?" என்றான் மச்சினன்.

"அதுக்குத்தான் ஒரு இடம் பார்த்து வச்சிருக்கேன். தபால் ஆபீஸ் முனையில பெரிய ஒட்டகச்சிவிங்கி பொம்மை நிக்குது. கழுத்து மூணாவது மாடிக்குப் போகுது, எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். நேத்தே போய் அசைச்சுப் பார்த்துட்டேன், கெட்டியா இருக்கு. யார் தொலைஞ்சாலும் அதுக்குக் கீழ போய் நிக்கணும்." பிறகு மகளைப் பார்த்துக் குனிந்தார். "நீ முக்கியமா கேட்டுக்கோ. அதுக்குக் கீழ போயிட்டா அப்புறம் வெளிய வரக்கூடாது. யார் கூப்பிட்டாலும் சரி. நான் வந்து உன் கையைப் பிடிக்கணும். அப்பதான் வரணும். புரிஞ்சுதா?"

வாலு தலையாட்டினாள். "கார்னிவலுக்குப் போறோமா, போருக்குப் போறோமா?" என்று கேட்டுக்கொண்டே மனைவி கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள்.

தெருவில் எள் போட்டால் கீழே விழாது. முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வாலு முகத்தில் பூனை வரைந்துகொண்டாள். மச்சினன் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டான். இவர் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, வேடிக்கையைப் பார்ப்பதை விட்டு வேடிக்கை பார்ப்பவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ வண்ணக் காகிதத்தை வாரி இறைத்தார்கள். கூட்டம் ஹோவென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காகிதம் தரையில் விழுந்து முடிந்தபோது இவர் ஒரு சோடாக் கடை வாசலில் தனியாக நின்றார்.

பயம் வரவில்லை. குழந்தை மாமன் தோளில் இருக்கிறாள். சொன்ன இடத்துக்குப் போனால் எல்லோரும் நிற்பார்கள். தன் ஏற்பாட்டை நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டார். அப்போது பை அதிர்ந்தது. எடுத்தால் மச்சினன் போன், அது சும்மா இருந்தது. அடுத்தது மனைவியின் போன், அதுவும் சும்மா இருந்தது. கடைசியில்தான் தன் போன் கைக்கு வந்தது, அதில் யாரோ ஒருவருடைய நம்பர்.

"நான்தாங்க. ஒரு கடைக்காரர் போன்ல இருந்து பேசுறேன். குழந்தை உங்ககூடத்தானே இருக்கா?"

"என்கூடவா? உன் தம்பி தோள்ல இல்ல இருந்தா?"

"அப்பாகிட்ட போறேன்னு இறங்கிட்டாளாம். உங்ககிட்ட வரலையா?"

"நீ எங்க இருக்க?"

"தபால் ஆபீஸ் முனைலதான். இங்க ஒட்டகச்சிவிங்கி இல்ல."

"இல்லன்னா?"

"போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"எனக்கென்ன தெரியும்? என்கிட்ட சொல்லிட்டா போச்சு?" என்றவள் குரல் உடைந்தது. "ஊர்வலத்துல போயிடுச்சாம். அது ஊர்வலப் பொம்மையாம்."

நேற்று அசைத்துப் பார்த்தபோது அதன் காலுக்கு ஒன்றாக நான்கு சக்கரங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் நட்டையும் முறுக்கிப் பார்த்தார். நிற்கிற பொம்மைக்குச் சக்கரம் எதற்கு என்று மட்டும் யோசிக்கவில்லை. படித்த மனுஷன்தான்.

மனைவியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு ஓடினார். எங்கே ஓடுவது என்று தெரியாமலே ஓடினார். பூனை முகத்தோடு ஒரு குழந்தை கண்ணில் பட்டது. பாய்ந்து கையைப் பிடித்தார். அது வீல் என்று கத்தியது. அதன் தாய் இவரைப் பார்த்த பார்வையில் பாதி உயிர் போயிற்று. மன்னிப்புக் கேட்டுத் திரும்பினால் இன்னொரு பூனை. அதற்குப் பின்னால் இரண்டு பூனைகள். வரைகிறவருக்குப் பூனையைத் தவிர வேறு எதுவும் வராது போலிருக்கிறது.

சோளப்பொரி விற்பவரைக் கேட்டார். "ஒட்டகச்சிவிங்கி இந்தப் பக்கம் போச்சா?"

"எந்த ஒட்டகச்சிவிங்கி? ரெண்டு போச்சே. ஒண்ணு பாலத்துப் பக்கம், ஒண்ணு மார்க்கெட் பக்கம்."

"பெரிசு."

"ரெண்டும் பெரிசுதான்."

"மஞ்சள்."

"ஒட்டகச்சிவிங்கி பின்ன எந்தக் கலர்ல இருக்கும் சார்?"

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழந்தை பொம்மையோடு போயிருப்பாளா? பொம்மை இருந்த இடத்தைத் தேடிக்கொண்டு நிற்பாளா? இடத்தைத்தான் சொன்னோமா, பொம்மையைச் சொன்னோமா? காலையில் தான் சொன்னதை வார்த்தை வார்த்தையாக நினைத்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் இரண்டு அர்த்தமும் வந்தது.

பாலத்துப் பக்கம் போனார். அந்த ஒட்டகச்சிவிங்கிக்குக் கீழே மேளக்காரர்கள் மட்டும் இருந்தார்கள். குழந்தை யாரும் வரவில்லை என்றார்கள். ஒரு சந்துக்குள் புகுந்து, துணி காய்கிற கொடிகளுக்கு அடியில் குனிந்து ஓடி, மார்க்கெட் தெருவுக்கு வந்து விழுந்தார். அங்கே கூட்டத்துக்கு மேலே கழுத்து தெரிந்தது. முண்டியடித்து முன்னால் போனார்.

பொம்மையின் வயிற்றுக்குக் கீழே மஞ்சள் சட்டை போட்ட ஆட்டக்காரர்கள். அவர்கள் நடுவில் வாலு. கையைத் தூக்கி, இடுப்பை வளைத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். சனங்கள் அவளைக் காட்டிக் காட்டிக் கைதட்டினார்கள்.

உயிர் வந்த கையோடு அவருக்குக் கோபமும் வந்தது. நான் இங்கே செத்துப் பிழைக்கிறேன், இவளுக்கு ஆட்டம் கேட்கிறது. ஊர்வலத்தைச் சுற்றிக் கயிறு பிடித்து வந்தார்கள். அதைத் தூக்கி நுழையப் போனவரை ஆரஞ்சு சட்டை போட்ட ஒரு பெண் தடுத்தாள்.

"ஆடறவங்க மட்டும்தான் உள்ள வரலாம் சார்."

"என் பொண்ணு உள்ள இருக்கா."

"எது?"

"பூனை."

"கூப்பிடுங்க, வரட்டும்."

கூப்பிட்டார். வாலு பார்த்தாள். அவள் முகத்தில் அப்பாவைக் கண்ட சந்தோஷம் நன்றாகத் தெரிந்தது. ஆனால் வரவில்லை. மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஆடினாள்.

ஆரஞ்சு சட்டைக்காரி இவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க பொண்ணு, நீங்க கூப்பிட்டா வர மாட்டேங்குறா."

"நான்தான் வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

"வரச் சொல்லிக் கூப்பிடுறீங்க. வரக் கூடாதுன்னும் சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"போன்ல குழந்தை போட்டோ இருக்கா? காட்டுங்க."

அவசரத்தில் பையைத் திறந்தார். மூன்று போன், மூன்று பர்ஸ், கூடவே ஒரு ஜோடிப் பெண்கள் கம்மல். அவள் கண் விரிந்தது. இவர் திருதிருவென்று விழித்தார். தன் போனை நீட்டினால் முகப்பில் ஒரு லிஃப்ட் மோட்டாரின் படம். மனைவியின் போனில் குழந்தை படம் இருக்கிறது, ஆனால் அது பூப்போட்ட உறை போட்ட ஒரு பெண்ணின் போன். பிக்பாக்கெட்டுக்குப் பயந்தவர் இப்போது அசல் பிக்பாக்கெட்டாகவே நின்றார். அவள் யாரையோ கையசைத்துக் கூப்பிட்டாள்.

அந்த நேரம் வாலு பொம்மையின் வயிற்றுக்கு அடியிலிருந்து ஒரு எட்டுக்கூட வெளியே வைக்காமல், உடம்பை எட்டினமட்டும் சாய்த்து, இவரை நோக்கிக் கையை நீட்டினாள். விரல்களை விரித்துக் காத்திருந்தாள்.

ஆரஞ்சு சட்டைக்காரி அந்தக் கையைப் பார்த்தாள். கயிற்றைத் தூக்கினாள்.

உள்ளே ஓடிக் கையைப் பிடித்தார். மறு கையால் கடைக்காரர் நம்பரை அழுத்தினார். "கிடைச்சுட்டா" என்று போனில் கத்தினார்.

"எங்க?" என்று மனைவி அழுதாள்.

"ஒட்டகச்சிவிங்கிக்குக் கீழதான்."

"அது எங்க இருக்கு?"

"தெரியல. போய்க்கிட்டே இருக்கு."

போனைப் பைக்குள் போட்ட பிறகுதான் கவனித்தார். மகளின் கை ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது. அவர் விரலைப் பிய்த்துவிடுவதுபோல் பிடித்திருந்தாள். அந்தப் பெரிய சிரிப்பு முகத்திலிருந்து எப்போதோ போய்விட்டது. கண்ணீர் பூனை மீசையைக் கரைத்து இறங்கியது. ஆனால் கால்கள் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தன.

"போதும் கண்ணு. அப்பா வந்துட்டேன் இல்ல, ஆட வேணாம்."

"ஆடணும்ப்பா" என்றாள் விக்கலுக்கிடையே. "சும்மா நின்னா வெளிய அனுப்பிடுவேன்னு அந்த மஞ்சள் சட்டை அண்ணன் சொன்னாரு. சிரிச்சுக்கிட்டு ஆடறவங்கதான் இதுக்குக் கீழ இருக்கலாமாம்."

பொம்மை நகர ஆரம்பித்த இடத்திலிருந்து இந்த மார்க்கெட் வரைக்கும் எத்தனை தெரு இருக்கும் என்று நினைத்துப் பார்க்கக்கூட அவருக்குப் பயமாக இருந்தது.

"அது நகர ஆரம்பிச்சுதா, எனக்கு ஒண்ணும் புரியல. அங்கேயே நிக்கணுமா, இதுகூடப் போகணுமா? நீ சொல்லவே இல்லையேப்பா."

"ஆமா, சொல்லல" என்றார். "எனக்கே தெரியாது கண்ணு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் பார்த்தாள். மஞ்சள் சட்டை அண்ணன் இவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நிக்காத" என்றாள். "ஆடு."

அவர் ஆடினார்.