மனைவி வேஷத்தில் ஒரு கதவு

"நான்தான் அவளைக் கொன்னேன்" என்று மைக்கின் முன் நின்று சொல்லி முடித்ததும் அத்தான் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொன்னேன்ங்கற இடத்துல கொஞ்சம் இழுக்கட்டுமா, இல்ல சட்டுனு போட்டு உடைக்கட்டுமா? எது எடுபடும், நீயே சொல்லு" என்றார், கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த சின்னவளைப் பார்த்து.

"சட்டுனே சொல்லுங்க அத்தான்" என்றாள் சின்னவள். "நெஜமா செஞ்சவன் இழுக்க மாட்டான்."

"கரெக்ட், கரெக்ட்" என்று தலையாட்டினார் அத்தான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அடப்பாவி, என்று சின்னவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இந்த ஒரு வரிக்காகத்தான் அவள் இந்தப் படத்தையே எழுதினாள். இதைச் சொல்லும்போது அந்த ஆளுக்கு நாக்குக் குழற வேண்டும், வேர்த்துக் கொட்ட வேண்டும், சொல்ல முடியாமல் காகிதத்தை வீசிவிட்டு வெளியே ஓட வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மனுஷன் கல்லுளிமங்கன் மாதிரி நின்றுகொண்டு எடுபடுமா என்று கேட்கிறார்.

அத்தான் என்பது அவளுடைய அக்கா புருஷன். அக்காவை வீட்டில் எல்லோரும் பெரியவள் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியவளுக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு. இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படிகூட ஏற மாட்டாள். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் இறந்துபோனாள். தான் காலையில் ஆபீஸ் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருந்தாள், மத்தியானம் சாப்பிட வந்தபோதும் அப்படியே கட்டிலில் கிடந்தாள் என்று அத்தான் சொன்னார். டாக்டரும் இழுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அம்மா அந்தத் தூக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வந்தவர் போனவரிடமெல்லாம், "எம்பொண்ணு கஷ்டப்படல. தூக்கத்துலயே போயிட்டா" என்பாள். கேட்பவர்களும், தங்கமான மாப்பிள்ளை, எப்படி உடைஞ்சு போயிட்டார் பாருங்க என்பார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தான் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நாளில், சின்னவள் அக்காவின் துணிமணிகளை எடுக்கப் படுக்கையறைக்குப் போனாள். நீலமாக இருந்த கதவுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. கதவின் வெளிப்பக்கத்தில் இருந்த தாழ்ப்பாளைக் காணோம். ஸ்க்ரூ இருந்த ஓட்டைகளில் பெயின்டர் பூசுகிற மக்கு வைத்து அடைத்திருந்தது. படுக்கையறைக்கு எதற்கு வெளியே தாழ்ப்பாள் என்று முன்பு ஒரு முறை அவள் கேட்டபோது, பூனை வருதும்மா என்றார் அத்தான். அந்தக் கட்டடத்தில் யார் வீட்டிலும் பூனை கிடையாது. பெரியவள் தனியாக இருந்தபோது வேறு கதை சொன்னாள். "கோவம் வந்தா உள்ள போட்டுப் பூட்டிடுவாருடி. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே திறந்துவிட்டு டீ போட்டுக் கொடுப்பாரு. சரியான கொழந்த" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அன்றைக்கே சின்னவள் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தாள். "வாயில வந்ததெல்லாம் பேசாத" என்று அம்மா சீறினாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது. பிறகு ஒரு நாள் அம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை மறுபடி கல்யாணம் பண்ணிக்கப்போறாராம், ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற பொண்ணாம், எத்தனை காலம் பாவம் தனியாவே இருப்பாரு, என்றாள். பாவமாம்! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். ஆனால் கேட்டால் அழுவார். அழுதால் ஊரே அவர் பக்கம் சாயும். அப்படியானால் அவர் வாயாலேயே வர வேண்டும்.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவதுதான் சின்னவளுக்குப் பிழைப்பு. கேமரா இருந்தது, இடம் இருந்தது. ஒலிப்பதிவுக்குக் காது இருந்தான். எப்போதும் ஹெட்ஃபோனும் தலையுமாகத் திரிந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். கருப்பு வெள்ளையில் ஒரு பேய்ப்படம் எடுக்கப்போகிறேன், குறும்படம், கதை முழுக்க ஹீரோவின் குரலிலேயே ஓடும், நீங்கதான் ஹீரோ என்று போய்ச் சொன்னபோது அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. காலேஜ் நாடகத்தில் வாங்கிய கோப்பையை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். தொப்பி வெச்சுக்கலாமா என்றார். தாராளமா வெச்சுக்கலாம் என்றாள். செலவெதுக்கு, நம்ம வீட்டுலயே எடு என்றார். அதற்காகத்தானே அவள் வந்ததே.

கதை ரொம்பச் சின்னது. ஒருவன் மனைவியை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வெளியூர் போய்விடுகிறான். அவள் பசியிலும் தாகத்திலும் சாகிறாள். அதன்பின் தினமும் அந்தக் கதவு உள்ளேயிருந்து தட்டப்படுகிறது. இழுப்பு, மூச்சு என்று ஒரு வார்த்தைகூட அவள் எழுதவில்லை. எழுதினால் ஆள் உஷாராகிவிடுவார்.

"பொண்டாட்டி வேஷத்துக்கு யாரு?" என்று கேட்டார் அத்தான்.

"ஆள் வேண்டாம் அத்தான். கதவு போதும்."

படப்பிடிப்பன்று அவள் ஒரு தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். கதவுக்கு வெளியே மாட்டணும் என்று நீட்டினாள். அத்தான் தானே ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து, மக்கைக் குத்தி எடுத்துவிட்டு, பழைய ஓட்டைகளிலேயே முறுக்கி மாட்டினார். விசிலடித்துக்கொண்டே மாட்டினார். சின்னவள் ஜன்னல்களை அடைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கைத் தரையில், கதவுக்குப் பக்கவாட்டில் வைத்தாள். முகத்தில் பாதி இருட்டு வேண்டும் என்றால் அப்படித்தான் வைக்க வேண்டும்.

அத்தான் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். ஃப்ளாஸ்கில் டீ கொண்டு வந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். சாதுவான பெண். அத்தான் தொப்பியைச் சரிசெய்யக் கண்ணாடிக்குப் போன சமயம் பார்த்துச் சின்னவளின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இவருக்குக் கோவம் வருமா?"

சின்னவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் பொறாமைக்காரி என்பார்கள். "படத்தை வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது கடைசி வேலை இந்தக் குரல் பதிவு. அவள் வேலை செய்யும் இடத்தின் சாமான் அறையில் மெத்தைகளையும் கம்பளிகளையும் தொங்கவிட்டு, நடுவே அத்தானை நிற்க வைத்திருந்தார்கள். சின்னவளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு டேக்குக்கும் அடுத்த டேக்குக்கும் நடுவில் பதிவை நிறுத்த மாட்டாள். கல்யாண வீடுகளில் கற்றுக்கொண்டது. போதும் என்று சொன்ன பிறகுதான் மனுஷர்களின் சொந்த முகம் வெளியே வரும். டிஸ்க் ரொம்பிடும், ரொம்பிடும் என்று காது புலம்பிக்கொண்டே இருப்பான். அத்தானுக்கு இதெல்லாம் தெரியாது. கை தூக்கினால் மைக் செத்துப்போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பக்கத்தைப் படித்தவர் மறுபடி கையைத் தூக்கினார். "இந்த இடம் இடிக்குதே" என்றார். "ஓங்கித் தட்டினா, கத்தினான்னு எழுதியிருக்கே. அப்படித் தட்டியிருந்தா பக்கத்து வீட்டுக்காரன் வந்து நின்னுருக்க மாட்டானா? மூச்சே இல்லாதவ எங்கேருந்தும்மா தட்டுவா? கத்தவும் வராது. கீழ உக்காந்து கதவைச் சுரண்டுவா. எலி சுரண்டற மாதிரி. அதுவும் கொஞ்ச நேரந்தான். வெளிய இருக்கறவனுக்கு, சரி, இவ நடிக்கறான்னுதான் தோணும். அப்படி வை, இன்னும் பயமா இருக்கும்."

காது மெதுவாகத் தலையைத் திருப்பிச் சின்னவளைப் பார்த்தான்.

"நல்லாருக்கு அத்தான்" என்றாள் அவள். தன் குரல் எங்கிருந்தோ வருவதுபோல் இருந்தது. "அப்படியே மாத்திச் சொல்லிடுங்க."

அவன் மாற்றிச் சொன்னான். பிரமாதமாகச் சொன்னான். அதன்பிறகு அவளுக்கு அவன் அத்தான் இல்லை. வாசல் வரை போய், பத்திரமா போயிட்டு வாங்க என்று வழியனுப்பிவிட்டு வந்தாள். வளர்ப்பு அப்படி.

திரும்பி வந்ததும் கதவுக் காட்சிகளைத் திறந்தாள். வண்ணத்தை எடுத்துவிட்டு, கருப்பை இன்னும் கருப்பாக்கினாள். வெளிப்பக்கம் எடுத்ததில் ஒன்றுமில்லை. உள்ளே கேமராவை வைத்து, தாழ் விழும் சத்தத்துக்காகக் கதவை மட்டும் எடுத்த காட்சி ஒன்று இருந்தது. அதில், கீழே, தரையை ஒட்டிய மூலையில் கோடுகள் தெரிந்தன. படப்பிடிப்பன்று பார்த்தபோது பிரஷ் தடம் என்று விட்டுவிட்டிருந்தாள். பிரஷ் கதவு முழுக்க மேலிருந்து கீழே போயிருந்தது. இவை அந்த ஒரு இடத்தில் மட்டும் சாய்வாக, நெருக்கமாக, வெள்ளை பெயின்டுக்கு அடியில் கிடந்தன. நேராக வெளிச்சம் அடித்தால் கண்ணுக்கே பட்டிருக்காது. உள்ளேயும் விளக்கைப் பக்கவாட்டில் வைத்திருந்ததால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல் விழுந்திருந்தது. சின்னவள் திரையில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"போலீஸுக்குப் போலாம்" என்றான் காது.

"போலாம். போகத்தான் போறேன். நடிச்சேன்பான். கதவு பழசுன்னுவான். நம்புவாங்களோ மாட்டாங்களோ. அதுக்கு முன்னாடி எல்லாரும் உக்காந்து இதைக் கேக்கணும். அவன் மூஞ்சிய நான் பாக்கணும்."

"உங்கம்மாவும் கேப்பாங்களே."

அங்கேதான் அவளுக்கு உதைத்தது. அவனை அடிக்க ஓங்குகிற கை அம்மா மேல் பட்டுவிட்டுத்தான் போகும். வீட்டுக்குப் போனபோது அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தாள்.

"அம்மா, ஒருவேளை பெரியவ தூங்கலன்னா, அது உனக்குத் தெரியணுமா, வேண்டாமா?"

அம்மாவின் கை நின்றது. தன் விரல் நகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலால் ஒவ்வொரு நகத்தையும் தேய்த்தாள்.

"தூங்கினாடி" என்றாள். "என்னை அப்படியே விட்டுடு."

விட்டுவிடலாமா என்று சின்னவள் நிஜமாகவே யோசித்தாள். எழுதிய வசனத்தை வைத்தால் சாதாரணப் பேய்ப்படம், எல்லோரும் கைதட்டிவிட்டுப் போவார்கள், அம்மாவுக்குத் தூக்கம் மிஞ்சும், அவனுக்குக் கல்யாணம் நடக்கும். டீ ஊற்றிக் கொடுத்த அந்தப் பெண் பூனைக்குப் பயந்து வெளியே தாழ்ப்பாள் போட்ட வீட்டுக்குக் குடிபோவாள். அம்மாவுக்காக இதைச் செய்கிறேனா, அந்தப் பெண்ணுக்காகவா, பெரியவளுக்காகவா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் யாருக்காகவும் இல்லை. அவன் முகம் விழுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆசை பசி மாதிரி இருந்தது. எழுதிய வசனத்தை அழித்துவிட்டு, கை தூக்கிய பிறகு அவன் பேசியதை அந்த இடத்தில் ஒட்டினாள். படத்தில் கதவை மட்டும் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் திரை போட்டார்கள். அவன் புதுச்சட்டையில் வந்தான். வாயெல்லாம் பல். கல்யாணப் பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். அக்கம்பக்கத்தவர்கள் வந்தார்கள். "மாப்பிள்ளை, நீங்க முன்னாடி உக்காருங்க" என்று அம்மா திரைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தாள். சின்னவள் பின்னால் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்றாள்.

விளக்கு அணைந்தது. தொப்பி வந்தது, பாதி முகம் வந்தது, யாரோ சின்னதாக விசில்கூட அடித்தார்கள். நான்தான் அவளைக் கொன்னேன் என்று அவன் குரல் சட்டென்று சொன்னபோது அவனே திரும்பிக் கல்யாணப் பெண்ணைப் பார்த்துப் புன்னகைத்தான். பிறகு கதவு வந்தது. அறைக்குள்ளிருந்து பார்க்கிற கதவு, திரையளவுக்கு, அசையாமல்.

"இந்த இடம் இடிக்குதே" என்றது குரல். நடிப்பில்லாத குரல், டீக்கடையில் பேசுவதுபோல. "மூச்சே இல்லாதவ எங்கேருந்தும்மா தட்டுவா?"

அவன் தலை சின்னவள் பக்கம் திரும்பியது. இவ்வளவு நாள் அவள் காத்திருந்த முகம் அதுதான். வெளுத்து, வாய் பிளந்து, நினைத்ததைவிட அசிங்கமாக இருந்தது. "ஏய், இது டேக் இல்ல. நிறுத்து" என்றான். கல்யாணப் பெண்ணின் அப்பா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். திரையில் குரல் நிற்கவில்லை. கீழ உக்காந்து சுரண்டுவா. நடிக்கறான்னுதான் தோணும். "டைரக்டருக்கு ஐடியா சொன்னேங்க, சும்மா கதைக்கு" என்று சிரிக்கப் பார்த்தான் அவன். சின்னவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் கண் அம்மாவின் பின்தலையிலேயே இருந்தது.

அம்மா எழுந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றி, மெதுவாக, வீட்டில் எழுவதுபோலவே எழுந்தாள். அவள் நிழல் திரையில் கதவின் மேல் விழுந்தது.

"அந்தக் கதவு அப்ப நீலம்" என்றாள், யாரையும் பார்க்காமல். "அவளைக் குளிப்பாட்டினது நான். நகத்துக்குள்ள நீலம் இருந்துச்சு, மாப்பிள்ளை. நான்தான் கழுவிவிட்டேன்."

அவன் நாற்காலியில் பாதி எழுந்தவன் அப்படியே நின்றான். அம்மா திரையை நோக்கி நடந்தாள். நடக்க நடக்க அவள் நிழல் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் கதவுக்குச் சரியான அளவில் ஒரு பெண்ணாக நின்றது. அவள் கையைத் தூக்கி, திரையில் கதவின் மேல்பக்கம், தாழ்ப்பாள் இருக்கவேண்டிய இடத்தைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தாள்.