வார்த்தை எடுத்துக் கொடுப்பவள்

டிக்கெட்டம்மாவைப் போல ஒரு பொறுமைசாலியைப் பார்த்ததே இல்லை என்று அந்தச் சமூகக் கூடத்தில் எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். அவள் வீட்டுச் சுவர்களுக்கு வாய் இருந்தால் வேறு கதை சொல்லியிருக்கும்.

வேலையில் இருந்த காலமெல்லாம் பேருந்து நிலையத்தின் முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள் அவள். வந்தவர் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டிக்கெட் அவர் கையில் இருக்கும். அந்த வேகத்துக்குக் கிடைத்த பட்டப்பெயர், ஓய்வு பெற்ற பிறகும் விடாமல் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அப்படிப்பட்டவளைப் பக்கவாதத்தில் பேச்சு போனவர்களோடு உட்கார வைத்தது மகள்தான். "அப்பாவைப் பாத்துப் பாத்து நீயும் படுத்துடுவ போலிருக்கும்மா. வாரத்துல ரெண்டு நாள் அந்தக் கூடத்துக்குப் போ. அந்த நேரம் நான் வந்து அவரைப் பாத்துக்கறேன்" என்று ஏறக்குறைய கழுத்தைப் பிடித்துத் தள்ளினாள்.

அங்கே ஆளுக்கொரு மேசை. எதிரே ஒருவர் பேச முயல்வார். வார்த்தை வராமல் அவர் திணறும்போது தன்னார்வலர் சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"எடுத்துக் குடுத்தீங்கன்னா அவங்க வார்த்தைய நாம புடுங்கிக்கறோம்னு அர்த்தம்மா. நாக்கு துறுதுறுன்னா ஒரு வாய் தண்ணிய வாயில வெச்சுக்கோங்க, முழுங்காதீங்க" என்று பொறுப்பாளர் பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள். முதல் வாரம் டிக்கெட்டம்மா குடித்த தண்ணீரில் ஒரு தோட்டத்துக்கே பாய்ச்சியிருக்கலாம். பிறகு பழகிவிட்டது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் 'பிரேக்' என்ற ஒற்றைச் சொல்லைத் தேடித் தடுமாறியபோது அவள் சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். சொல் வந்து விழுந்ததும் இரண்டு பேரும் வயசை மறந்து சிரித்தார்கள்.

அவளுக்கு ராத்திரியில் தூக்கம் வர ஆரம்பித்தது. பசித்தது. கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொள்ளத் தோன்றியது. இந்த வயசில் சேவை செய்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். அங்கே யார் யாருக்குச் சேவை செய்கிறார்கள் என்பது அவளுக்கல்லவா தெரியும்!

வீட்டில் அவள் கணவர் ஏலக்காரர் இருந்தார்; அவருக்கும் பக்கவாதம்தான். காய்கறிச் சந்தையில் அவர் குரல் எழுப்பினால் கடைசி லாரியில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். அந்த மனிதர் இப்போது "அ... அ..." என்று ஆரம்பிப்பார். உடனே முன்பதிவு ஜன்னல் திறந்துவிடும். "தண்ணியா? ஃபேன் போடணுமா? கண்ணாடியா? முதுகு வலிக்குதா?" அவள் கேட்டதில் ஒன்று பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் வினை. அவர் தலையை மட்டும் ஆட்டுவார். நாளாக ஆக அந்த 'அ'வும் நின்றது. விரலை நீட்டிக் காட்டினார். பிறகு அதுவும் வேண்டாமென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"பேசப் பேசத்தான் பேச்சு வரும். இப்படியே விட்டா மிச்சம் இருக்கறதும் போயிடும்" என்று மருத்துவர் எச்சரித்தார்.

அவளுக்குத் தெரியாததா? ஆனால் லாரிக்காரர் திணறினால் அது லாரிக்காரர் பாடு. இவர் வாய் கோணி, கழுத்து நரம்பு புடைக்கத் தவிக்கும்போது அவளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. தண்ணீரை வாயில் வைத்தும் பார்த்தாள். அவசரமாக விழுங்கிப் புரையேறி, இருமலுக்கு நடுவிலும் "கண்ணாடிதானே?" என்று கேட்டுவிட்டாள். என்னதான் செய்வாள் பாவம்.

கடைசியில் அவரையே கூடத்துக்கு அழைத்து வந்தாள். ஒரு வீட்டு ஆட்கள் ஒரே மேசையில் உட்காரக் கூடாது என்பது அங்கே சட்டம். அவர் சலூன்காரரின் மேசைக்குப் போனார். சலூனை மகனிடம் விட்டுவிட்டு வந்து தன்னார்வலராக இருப்பவர் அவர். டிக்கெட்டம்மா வழக்கம்போல லாரிக்காரருக்கு எதிரே, கணவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். காது மட்டும் பின்னால் இருந்தது.

"அண்ணே, நீங்க என்ன தொழில் பண்ணிட்டிருந்தீங்க?" என்றார் சலூன்காரர்.

நாற்காலி ஒரு முறை கிறீச்சிட்டது. பிறகு, "ஏ... ஏல... ஏலம்."

"அட! அப்ப இதை ஏலம் விடுங்க பாப்போம்." சட்டைப் பையிலிருந்த சீப்பு மேசைக்கு வந்தது. பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். அது அவருடைய சிரிப்பு என்பதைப் புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ஒரு... தரம்." கரகரத்தது, ஆனாலும் சந்தைக் குரல்தான். மற்ற மேசைகள் ஒவ்வொன்றாக அமைதியாயின. "ரெண்டு... தரம்."

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"மூ..." அங்கே நின்றுவிட்டது. "மூ... மூ..." சலூன்காரர் அசையவில்லை. லாரிக்காரரும் மூச்சை அடக்கிக்கொண்டார். "மூ..."

"மூணு தரம்!"

கத்தியது தான்தான் என்பது, எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகே அவளுக்கு உறைத்தது.

அவர் வாய் மூடிக்கொண்டது. சீப்பைச் சலூன்காரர் பக்கமாகத் தள்ளி வைத்தார். அவள் ஓடினாள். "என்னங்க, தப்புதாங்க, வாய் தவறி வந்திடுச்சு. நீங்க சொல்லுங்க. நான் குறுக்கவே பேசமாட்டேன், சத்தியமா பேசமாட்டேன்..." மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். முகத்தில் வெறும் களைப்புதான் இருந்தது.

"நீ..." என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். "நீ... வெ... வெளிய..."

அடுத்த சொல் என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றாள்.

"போ."

சலூன்காரர் தங்கமான மனிதர், இங்கிதம்தான் கொஞ்சம் போதாது. "அண்ணே, முழு வாக்கியம்ணே! முழுசா வந்திடுச்சு!" என்று கை தட்டினார். விஷயம் புரியாத மற்ற மேசைகளும் தட்டின. அந்தக் கைதட்டலுக்கு நடுவே அவள் வெளியே நடந்தாள்.

வாசல் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நோயில் விழுந்த பிறகு அவர் சொன்ன முதல் முழு வாக்கியம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் கொடுமை. உள்ளே மறுபடி அவர் குரல் கேட்டது. எழுந்து போய்க் கேட்கக் கால் துடித்தது. போகவில்லை.

பொறுப்பாளர் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஐயா நல்லா பேசறாரும்மா. இனிமே தவறாம கூட்டிட்டு வாங்க. ஆனா நீங்க... வந்து..." சொல்ல முடியாமல் தரையைப் பார்த்தாள்.

"வாசலோட திரும்பிடணும். உள்ள வரக்கூடாது. அதானே?"

இந்த ஒரு தடவையாவது தான் எடுத்துக் கொடுத்த வார்த்தை தப்பாகப் போய்விடாதா என்று டிக்கெட்டம்மா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றாள் அந்தப் பெண்.