மூன்றில் இரண்டு

“அணைடா அதை! முதல்ல அதை அணை!”

“எல்லாமே அணைஞ்சாச்சும்மா, ரெண்டு ரூமும் இருட்டு, இன்னும் எதை—”

“உங்கப்பாவுக்கு மூச்சு—”

“ஃபியூஸைத்தான் தேடறேன், கத்தாத! கத்தினா கைக்கு வந்துடுமா?”

“கத்துறது நானா? அந்த மெஷினுடா!”

அது உண்மைதான். மின்சாரம் நின்றால் ஆக்ஸிஜன் மெஷின் கீச்சுக் குரலில் விடாமல் வீறிடும். சோபாவில் தலையணைகளுக்கு நடுவே, மூக்கில் குழாயோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த வுகாதின் அந்தச் சத்தத்துக்கு மேலே பேசப் பார்த்தார்.

“ரெண்டு பேரும்... சண்டையை முடிச்சிட்டு... சொல்லுங்க. அதுவரைக்கும்... சாகாம இருக்கேன்.”

நெபோய்ஷா வாசல் பக்கப் பெட்டியில் பழைய பீங்கான் ஃபியூஸைக் கழற்றிப் புதியதைத் திருகினான். விளக்கு வந்தது. மெஷின் வீறிடுவதை நிறுத்தி, பெரிய பூனை போல் உறுமத் தொடங்கியது. தேசாங்கா கணவனின் உதட்டு நிறத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மறுபடி ஆரம்பித்தாள்.

“ஹீட்டரை அணைச்சிட்டுத்தானே உன் பெட்டியைப் போடணும்? சொன்னேனா இல்லையா?”

“மறந்துட்டேன்.”

“முப்பத்தி நாலு வயசு. மறந்துட்டானாம்.”

விஷயம் இதுதான். பெரிய அறைக்கும் உள்ளறைக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ். சுரங்கக்காரர்களுக்காக இந்தக் குடியிருப்பைக் கட்டியபோது ஒரு வீட்டுக்கு ஒரு விளக்கும் ஒரு வானொலியும் போதும் என்று நினைத்திருப்பார்கள். இப்போது அந்த ஒரு ஃபியூஸ் மேல் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷின், அப்பாவின் ஹீட்டர், மகனின் கம்ப்யூட்டர். எந்த இரண்டை வேண்டுமானாலும் தாங்கும். மூன்றாவதைப் போட்டால் போய்விடும்.

“கீழ்வீட்டு ஆளு மாதிரி ஒரு செம்புக் கம்பியைச் சுத்திப் போட்டா, எத்தனை போட்டாலும் போகாது,” என்றான் நெபோய்ஷா.

“நாலாவது மாடி எப்படி எரிஞ்சுதுன்னு நினைக்கிற?” என்றார் வுகாதின். “கம்பி போட்டா... ஃபியூஸ் போகாது. நாமதான் போவோம்.”

அதோடு கம்பிப் பேச்சு முடிந்தது. சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஹீட்டர் அணையும், அப்பாவுக்கு மூன்று போர்வை, ஆறு மணிக்கு மறுபடி ஹீட்டர் என்று தேசாங்கா தீர்ப்புச் சொன்னாள். ஜனவரியில் ஒரு மணி நேரம் ஹீட்டர் இல்லாமல் அந்த நுரையீரலை வைத்திருப்பது சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சனிக்கிழமை ஐந்து மணி என்பது துன்யாவின் நேரம்.

துன்யா நெபோய்ஷாவின் மகள், ஒன்பது வயது. அம்மாவோடும் அம்மாவின் புதுக் கணவன் கெர்னோட்டோடும் ஆஸ்திரியாவில் லின்ஸில் இருந்தாள். போனில் அப்பாவோடு பேசச் சொன்னால், “ம்”, “சாப்பிட்டேன்”, “தெரியல” என்ற மூன்று வார்த்தைகளுக்கு மேல் வராது. விளையாட்டில் மட்டும் வாய் மூடாது. இருவரும் ஒரே விளையாட்டுக்குள் போய்க் கட்டை வெட்டுவார்கள், வீடு கட்டுவார்கள், இடையில் பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் சொல்லிவிடுவாள். அது பழைய விளையாட்டு, பழைய கம்ப்யூட்டரே போதுமாக இருந்தது. இலையுதிர்காலத்தில் அவள் புது விளையாட்டுக்கு மாறிவிட்டாள். அதில் குதிரைகள் உண்டு, மழை உண்டு, ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக ஆடும். நெபோய்ஷாவின் கம்ப்யூட்டர் அந்தப் புல்லை எண்ணி முடிப்பதற்குள் மூச்சு முட்டி நின்றுவிடும்.

“அப்பா, நீ மறுபடி மரம் மாதிரி நிக்கிற,” என்பாள் துன்யா. “ஓநாய் உன்னைத் தின்னுடுச்சு, தெரியுமா?”

ஒருநாள் அலுப்பே இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள்: “பரவாயில்லப்பா. கெர்னோட்டோடது நிக்காது. நான் அவரோட விளையாடிக்கிறேன்.”

அன்று இரவு நெபோய்ஷா சாப்பிடவில்லை. மறுநாள் அப்பாதான் கேட்டார்.

“அதுக்கு என்னடா வேணும்? அந்தப் பெட்டிக்கு?”

“எல்லாமே வேணும்ப்பா. அதுல இருக்கறதுல தகரம் மட்டும்தான் உருப்படி.”

“அப்ப தகரத்தை வெச்சுக்கிட்டு மத்ததை மாத்து.”

அப்படித்தான் மாற்றினான். மாதம் ஒன்றாக, கிடைத்த இடத்தில் கிடைத்ததை. மெமரியை இரட்டிப்பாக்கினான். கடகடவென்று சத்தமிடும் பழைய டிஸ்க்கைத் தூக்கிவிட்டு, சத்தமே போடாத புது வகையைப் போட்டான். அதிலேயே பாதி உயிர் வந்தது. பிறகு பவர் சப்ளை. கடைசியாக கிராஃபிக்ஸ் கார்டு. அதைப் பக்கத்து நகரமான சாயெச்சாரில் ஒருவனிடம் பழையதாக வாங்கிக் கம்பளித் துணியில் சுற்றி, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

“இது என்னடா, அட்டையா? அப்பம் சுடற தட்டா?” என்றார் வுகாதின்.

கார்டு பெட்டிக்குள் போகவில்லை. நீளம் அதிகம். பழைய டிஸ்க் உட்கார்ந்திருந்த கூண்டு குறுக்கே நின்றது. நெபோய்ஷா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

“தேசாங்கா, என் ரம்பத்தை எடு.”

“எதுக்கு?”

“அறுக்கத்தான்... வேற எதுக்கு? மீசை சீவவா?”

பெட்டியைச் சோபாவுக்குப் பக்கத்தில் கவிழ்த்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அந்தக் கூண்டை அறுத்தார்கள். மகன் அறுத்தான், அப்பா ஏவினார். “சாய்ச்சுப் பிடி. தள்ளும்போது அழுத்து... இழுக்கும்போது விடு. சுரங்கத்துல உன்னை விட்டிருந்தா முதல் நாளே துரத்தியிருப்பாங்க.” முனையை அரம் வைத்துத் தானே தேய்த்தார், மூன்று இழுப்புக்கு ஒரு ஓய்வு. அன்று முழுவதும் அவர் இருமவில்லை என்று தேசாங்கா பிறகு குடும்ப நண்பர் ரதோமிரிடம் சொன்னாள். சொல்லிவிட்டு உடனே மேசையைத் தட்டிக்கொண்டாள், கண் பட்டுவிடக் கூடாதென்று.

கார்டு உட்கார்ந்தது. புல் ஆடியது. குதிரை நிற்காமல் ஓடியது. ஆனால் அது சூடானால் அதிலிருந்த மூன்று விசிறிகளும் சேர்ந்து கத்தும். கதவைத் திறந்து வைத்தால் சமையலறை வரைக்கும் கேட்கும்.

“எது உங்கப்பா மெஷின், எது உன் மெஷின்னே தெரியலடா,” என்றாள் தேசாங்கா. “கதவையாவது சாத்து.”

“சாத்தாத,” என்றார் வுகாதின். “பொண்ணு பேசுறது எனக்குக் கேக்கணும்.”

சனிக்கிழமைகளில் அவர் போர்வைக்குள் கிடந்து அதைத்தான் கேட்பார். சில நேரம் துன்யா உள்ளே இருந்து கூப்பிடுவாள்: “தாத்தா, என் குதிரைக்குப் பேர் வை!” அவர் சுரங்கத்தில் தனக்கு மேலதிகாரியாக இருந்த ஒருவனின் பெயரைச் சொல்வார். “அவனும் இப்படித்தான்... பல்லைக் காட்டுவான்.”

அந்த ஜனவரியில் புனித யோவான் நாள் சனிக்கிழமையில் வந்தது.

தலைமுறை தலைமுறையாக வுகாதின் குடும்பத்தைக் காக்கும் புனிதர் அவர்; அவர் நாள்தான் வீட்டின் பெரிய விருந்து நாள். வீட்டுத் தலைவன் எழுந்து நின்று மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். யாரையும் அழைக்கக் கூடாது, வருகிறவனைத் திருப்பவும் கூடாது. தேசாங்கா மூன்று நாளாக முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைப் பொதிந்துகொண்டிருந்தாள். ஆனால் ஆக்ஸிஜன் ஓடும் அறையில் நெருப்புக் கூடாது என்று மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

“சமையக்கட்டுல வெச்சு ஏத்தறேன்,” என்றாள் தேசாங்கா.

“புனிதர் என்ன... பாத்திரம் கழுவவா வர்றார்? விருந்து மேசையிலதான் ஏத்தணும். மெஷினை அணை.”

“விளையாடாத.”

“அணைன்னா அணை.”

அணைத்தாள். பொத்தானில் அணைத்தால் மெஷின் வீறிடாது. சன்னலைத் திறந்து காற்றை மாற்றினாள். வுகாதின் மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தீக்குச்சி கிழித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சிலுவைக் குறி போட்டார். நெபோய்ஷாவோடு சேர்ந்து சடங்கு ரொட்டியைக் கையில் பிடித்துச் சுற்றினார். பாதிரியார் வந்து போகும்வரை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உதடு சாம்பல் நிறமாகிவிட்டது. ஆனாலும் சிரித்தார்.

“பாத்தியா? சாகல. சுரங்கத்துல முப்பது வருஷம்... காத்து இல்லாத இடத்துலதானே வேலை பாத்தேன்.”

“போதும் உன் வீரம்,” என்று சொல்லி தேசாங்கா மெழுகுவர்த்தியைச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டு மெஷினைப் போட்டாள். ஆனால் அவர் மனதில் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. மெஷின் இல்லாமலும் கொஞ்ச நேரம் இருந்துவிடலாம்.

மதியம் ரதோமிர் வந்தார், நெபோய்ஷாவின் ஞானத்தந்தை, பழைய சுரங்கத் தோழர். வெளியே பனி. அவர் கால்கூட விறைத்திருந்தது. ஹீட்டர் முழு வேகத்தில் எரிந்தது. சாப்பிட்டார்கள், ராக்கியா என்ற பழச் சாராயம் குடித்தார்கள்.

“என்ன வுகாதின், மூக்குல கயிறு கட்டி வெச்சிருக்காங்க? காளையா நீ?”

“காளைதான். இவதான் மேய்க்கிறா.”

ஐந்து மணி நெருங்கியதும் புகைபிடிக்க ரதோமிர் சமையலறைக்குப் போனார். காபி போட தேசாங்காவும் போனாள். நெபோய்ஷா ஹீட்டர் பிளக்கில் கை வைத்தான்.

“விடு அதை,” என்றார் வுகாதின்.

“ஃபியூஸ் போயிடும்ப்பா.”

“புனிதர் நாளு. விருந்தாளி வீட்டுல இருக்கும்போது... ஹீட்டரை அணைப்பாங்களா? திரும்பி வந்து குளிர்ல உக்காருவானா அவன்?”

“அப்ப இன்னிக்கு விளையாடல. போன்ல சொல்லிடறேன்.”

“இன்னிக்குத்தானே... அவ கடல் காட்டறேன்னு சொன்னா?”

அது அப்பாவுக்கும் கேட்டிருக்கிறது. போன வாரம் துன்யா சொல்லியிருந்தாள்: மலை தாண்டினால் கடல் வரும், அடுத்த சனிக்கிழமை சேர்ந்து போகலாம், நீ வரலன்னா நான் கெர்னோட்டைக் கூட்டிட்டுப் போயிடுவேன்.

“போ,” என்றார் வுகாதின். “ஃபியூஸ் போகாது.”

“எப்படிப் போகாது?”

“போகாதுன்னா போகாது. நான் பாத்துக்கறேன். போடா, பொண்ணு காத்திருப்பா.”

நெபோய்ஷா அப்பாவைப் பார்த்தான். மூக்கில் குழாய் இருந்தது. ஒரு கை போர்வைக்கு மேலே, மற்றது போர்வைக்குள். போர்வையின் ஓரம் மெஷின் மேல் விழுந்து கிடந்தது. ஏதோ கேட்க வாய் திறந்தான். உள்ளறையில் அவன் போன் மணி அடித்தது. துன்யா.

அவன் போனான்.

கம்ப்யூட்டர் எழுந்தது. விசிறிகள் சுழன்று, சூடேறி, கத்தத் தொடங்கின. ஃபியூஸ் போகவில்லை. முதல் சில நிமிடங்கள் அவன் இருட்டுக்காகத் தோளைக் குறுக்கிக் காத்திருந்தான். இருட்டு வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு தரம் நினைத்தான். எழுந்து பார்க்கலாம் என்றும் நினைத்தான். அதற்குள் துன்யா, “அப்பா, குதிரை மேல ஏறு, சீக்கிரம், மழை வருது!” என்றாள். அவன் ஏறிவிட்டான்.

“தாத்தா, கேக்குதா? நாங்க மலை ஏறப் போறோம்!”

“கேக்குதும்மா,” என்று பெரிய அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. சின்னக் குரல்.

சமையலறையில் ரதோமிர் காது கொடுத்துக் கேட்டார்.

“என்னம்மா, இன்னிக்கு மெஷின் இந்தப் போடு போடுது?”

“ரெண்டும் சேர்ந்து கத்துது அண்ணே. அது கத்துற வரைக்கும் எனக்கு நிம்மதி. நின்னாத்தான் பயம்.”

இன்னொரு காபி ஊற்றினாள். தூக்கம் வராததைப் பற்றிப் பேசினார்கள். ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றிப் பேசினார்கள், அந்தப் பேச்சு சீக்கிரம் முடிகிற பேச்சில்லை.

உள்ளே மலை ஏறினார்கள். புல் தனித்தனியாக ஆடியது, மழை குதிரையின் கழுத்தில் வழிந்தது, எதுவும் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. துன்யா தன் டீச்சரைப் பற்றிச் சொன்னாள். பல் ஒன்று விழுந்ததைச் சொன்னாள். ஜெர்மன் பாட்டுப் பாடியபோது தான் மட்டும் தப்புப் பண்ணாததைச் சொன்னாள். “தாத்தா, பல்லை என்ன பண்றது? கூரை மேல போடணுமா?” என்று இடையில் கேட்டாள். பதில் வரவில்லை.

“தாத்தா தூங்குறாரு,” என்றான் நெபோய்ஷா. “சாப்பாடு அதிகம்.”

“அப்பா, இன்னிக்கு நீ நிக்கவே இல்ல!”

“இனிமே நிக்க மாட்டேன்.”

“இதோ, இந்தத் திருப்பம்தான். கண்ணை மூடிக்கோ. மூடிட்டியா?”

“மூடிட்டேன்.”

அப்போதுதான் பெரிய அறையில் காபித் தட்டு விழுந்தது.

“வுகாதின்! வுகாதின்! டேய் நெபோய்ஷா, மெஷின் ஓடலடா! விளக்கு எரியுது, இது ஓடல!”

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தான். தேசாங்கா போர்வையை இழுத்தெறிந்தாள். வுகாதினின் விரல்கள் மெஷினின் பொத்தான் பக்கத்தில் மடங்கிக் கிடந்தன. குழாய் மூக்கில் ஒழுங்காக இருந்தது. உதடு கறுத்துவிட்டது.

“அவனே அணைச்சிருக்கான்,” என்றார் ரதோமிர், வாசலில் நின்றபடி, போனை எடுத்து ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்திக்கொண்டே. “அவனேதான்.”

“போடு! மெஷினைப் போடு!”

“ஃபியூஸ் போயிடும்மா—”

“ஒண்ணைப் பிடுங்குடா பாவி! எதையாவது பிடுங்கு!”

நெபோய்ஷா குனிந்து ஒரு பிளக்கைப் பிடுங்கினான். ஹீட்டர் அணைந்தது. தேசாங்கா பொத்தானை அழுத்தினாள், மெஷின் உறுமியது, குழாயில் காற்று ஓடியது. அவள் கணவனின் தாடையைப் பிடித்து ஆட்டினாள், கன்னத்தில் தட்டினாள், இழு, இழு என்றாள். மார்பு எழவில்லை.

அவள் தலையைத் திருப்பி, மகனையும், அவன் கையிலிருந்த ஹீட்டர் பிளக்கையும், திறந்த கதவுக்கு அப்பால் இன்னும் வெளிச்சமாக இருந்த திரையையும் பார்த்தாள். அதில் கடல் வந்திருந்தது. ஒரு குதிரை முன்னால் போய்த் திரும்பி நின்றது. இன்னொன்று திருப்பத்திலேயே மழையில் நின்றது.

“அப்பா, கண்ணைத் திற, வந்தாச்சு... அப்பா? மறுபடியும் நின்னுட்டியா?”