நாலு ஒண்ணு ஏழு

அந்த எண்ணை எழுதச் சொன்னவன் நான்தான். வேறு யாரையும் குறை சொல்ல முடியவில்லையே என்பதுதான் எனக்கு எரிச்சல். ஒரு ஆள் கிடைத்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று திட்டிவிட்டு நிம்மதியாகக் காபி குடித்திருப்பேன்.

என் பெயர் திம்மப்பன், சொந்த ஊர் பாகலூர். பதினெட்டு வயதில் விமானப்படையில் சேர்ந்து, இருபது வருடம் சரக்கு விமானத்தில் மூட்டை கட்டினேன். சண்டை விமானம் ஓட்டினவனுக்கு சினிமா உண்டு, சிலை உண்டு. மூட்டை கட்டினவனை எவன் கேட்டான்? பனிமலை உச்சியில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிற சிப்பாய்க்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், சமயத்தில் உயிரோடு ஆடு என்று எல்லாம் மேலே இருந்துதான் விழ வேண்டும். அரிசியை ஒரு சாக்கில் கட்டி, அதை இன்னொரு பெரிய சாக்கில் தளர்வாகப் போட்டுத் தைப்போம். விழுகிற வேகத்தில் உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு அரிசியைப் பிடித்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்தவன் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பழைய டகோட்டா விமானக் காலத்திலிருந்து அப்படித்தான் தைக்கிறார்கள் என்று எனக்குத் தைக்கச் சொல்லிக் கொடுத்த வாரண்ட் ஆபீசர் சொன்னார். அவ்வளவுதான் எங்கள் சரித்திரம்.

நான் தைத்ததைத் தள்ளிவிட்டவன் மூர்த்தி. பின்கதவு திறந்ததும், இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கீழே பள்ளத்தாக்கு வாய் பிளந்து கிடக்க, மணி அடித்த நொடியில் மூட்டையை உதைத்துத் தள்ள வேண்டும். ஒரு நொடி தப்பினால் அந்த அரிசி பாகிஸ்தான்காரனுக்குப் போய்ச் சேரும். மூர்த்தி தப்பவிட்டதே இல்லை. அஞ்செட்டி தாண்டி நாட்றாம்பாளையத்துக்காரன். ஆடு மேய்த்த கால் என்பான். ஒரே ஜில்லா என்பதால் ஒட்டிக்கொண்டோம். அவன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் நான்.

1994ஆம் வருடம் ஒரு காலையில் எங்கள் ஸ்குவாட்ரனின் நாலு ஒண்ணு ஏழு கிளம்பியது. விமானங்களைக் கடைசி மூன்று எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவோம், வீட்டில் மாட்டுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுகிற மாதிரி. உள்ளே ஆறு பேர், அதில் மூர்த்தி ஒருத்தன். மேகத்துக்குள் போனது, வரவில்லை. மூன்று வாரம் தேடினார்கள். ஒரு தகடு, ஒரு செருப்பு, ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் மனைவி மாதேஸ்வரி அப்போது ஐந்து மாதக் கர்ப்பம்.

அடுத்த வருடம் லீவில் வரும்போது ஒரு அச்சடித்த பாரத்தை என் கையில் கொடுத்தனுப்பினார்கள். காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சம்மதிக்கிறேன் என்று மனைவி கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் பென்ஷன் வரும். மாதேஸ்வரி இடுப்பில் குழந்தையோடு பேனாவைப் பிடித்துக்கொண்டு, “இதுல போட்டா அவரு செத்துட்டாருன்னு ஆயிடுமாண்ணா?” என்று கேட்டாள்.

ஆம் என்று சொல்ல எனக்குத் துப்பில்லை. “வெறும் பேப்பரும்மா. நாளைக்கே அவன் வந்து நின்னா கிழிச்சுப் போட்டுடலாம்” என்றேன்.

போட்டாள். அதற்கப்புறம் முப்பது வருடமாக அவன் படத்துக்கு மாலை போடவில்லை. அமாவாசைக்கு மாமனாருக்கும் மாமியாருக்கும் இலை போட்டுப் படைப்பாள், அவனுக்கு இலை கிடையாது. நெற்றிக் குங்குமத்தை ஊர் எப்படியெல்லாம் பேசியது என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் போவதை நானும் மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டேன். ரிட்டயர் ஆகி ஓசூரில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்த்தேன், ஷிப்ட் ஒத்துவரவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

போன வருடக் கடைசியில் ஹரீஷ்குமார் வீடு தேடி வந்தான். பாகலூர் ரோட்டில் புதிதாக முளைத்த ஒரு தனியார் கல்லூரியில் விழா, விளம்பரம் எல்லாம் பார்த்துக்கொள்கிறவன். பழைய சரக்கு விமானம் ஒன்றை ஏலக்காரரிடமிருந்து அவர்கள் சேர்மன் வாங்கிவிட்டாராம். மூன்று துண்டாக டிரெய்லரில் வந்து இறங்கியிருக்கிறது, ஒட்டவைக்க விவரம் தெரிந்த ஆள் வேண்டுமாம்.

போய்ப் பார்த்தேன். எங்கள் விமானமேதான், அதே ரஷ்யா மாடல். பின்கதவுப் பக்கம் மண்ணெண்ணெய் வாடை கூட அப்படியே இருந்தது. சொன்னால் வெட்கம், அறுபத்திரண்டு வயதில் உள்ளே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். ஏலக்காரன் மேலே முழுக்க வெள்ளை பெயிண்ட் அடித்து எண்ணை மறைத்திருந்தான்.

“சார், மூக்குல ஏதாச்சும் நம்பர் போட்டா கெத்தா இருக்கும். ஒரு நம்பர் சொல்லுங்களேன்” என்றான் ஹரீஷ்குமார்.

“நாலு ஒண்ணு ஏழு” என்றேன். வாயில் தானாக வந்தது. வந்ததும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஆறு பேருக்கு ஒரு கல்லறை கூட இல்லை, இதாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு பலகை வைத்து, ஆறு பேர் பெயரும் எழுதி, அவர்கள் நினைவாக இந்த எண் என்று போடச் சொன்னேன்.

சேர்மன் ஒத்துக்கொள்ளவில்லை. “பசங்க படிக்கிற எடம். சாவு, காணாமப் போறதுன்னு எழுதினா நெகட்டிவா இருக்கும் பாருங்க” என்றார். விமானத்தின் வயிற்றுக்குள் காபி ஷாப் வரப்போகிறதாம், வெளியே செல்பி எடுக்க வட்டம் போட்டிருந்தார்கள். அப்போதே எண்ணை அழியுங்கள் என்று நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. குடியரசு தினத்தன்று திறப்பு விழா, உங்களுக்கு மேடையில் சால்வை உண்டு என்று ஹரீஷ்குமார் சொல்லியிருந்தான். சால்வைக்கு அலைந்தேன், அவ்வளவுதான் விஷயம்.

குடியரசு தினமான ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெடல்களைக் குத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கேட்டில் வாட்ச்மேன் ஒரு பொம்பளையை மறித்துக்கொண்டிருந்தான். மஞ்சள் பை, நரைத்த தலை, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். பார்த்ததுமே திரும்பி நடந்துவிடலாமா என்று பார்த்தேன்.

“அதோ எங்கண்ணா வந்துட்டாரு” என்றாள் மாதேஸ்வரி.

விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறி, தேன்கனிக்கோட்டையில் மாறி வந்திருக்கிறாள். அவள் மகள் பிரியதர்ஷினி ஓசூரில் போன் கம்பெனியில் வேலை செய்கிறாள். பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது, அப்பா வேலை பார்த்த மாதிரி பிளேன் என்று ஹரீஷ்குமார் போட்ட படத்தைப் போனில் காட்டியிருக்கிறாள். மகள் விமானத்தைப் பார்த்தாள். இவள் எண்ணைப் பார்த்துவிட்டாள்.

“பாப்பாவுக்கு நம்பரு தெரியாதுண்ணா. எனக்குத் தெரியும். அவரு போட்ட கடுதாசி எல்லாத்துலயும் இருக்குது. நாளைக்கு நாலு ஒண்ணு ஏழுல போறன், நாலு ஒண்ணு ஏழுல குளுரு தாங்கலன்னு.”

நான் வாய் திறப்பதற்குள் விறுவிறுவென்று விமானத்தை நோக்கி நடந்தாள். மூக்கருகே போய் நின்று, ஆள் உயரத்தில் இருந்த எண்ணை உள்ளங்கையால் தடவினாள். அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இறக்கையைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், பின்கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். திரும்பி வரும்போது அவள் முகத்தில் முப்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணக் களை. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

“ஒரு கீறல் இல்ல பாருண்ணா. முழுசா இருக்குது. பிளேனு திரும்பி வந்துடுச்சுன்னா அவரும் எங்கியாச்சும் எறங்கியிருப்பாரு இல்ல? ஜெயில்லயோ, ஆஸ்பத்திரிலயோ, நெனப்பு தப்பியோ. இத யாரு வித்தாங்களோ அவங்களக் கேட்டா தெரியும். நீ கேளுண்ணா, உனக்கு இந்தி தெரியும்.”

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே மடித்து மடித்து நைந்துபோன காகிதம், நான் கொண்டுபோன பாரத்தின் நகல்.

“இதையும் எடுத்தாந்துட்டன். கிழிச்சுப் போடலாம்னு சொன்னியே.”

கடவுளே, மனுசனுக்கு இப்படி ஒரு காலை விடியவே கூடாது. “மாதேஸ்வரி, இது அந்த விமானம் இல்லம்மா. இது வேற ஒண்ணு. நம்பர் நான் எழுதச் சொன்னது. மூர்த்தி ஞாபகமா” என்றேன்.

புரியாதவளைப் போல என்னைப் பார்த்தாள். “ஞாபகத்துக்கு எதுக்கு நம்பர எழுதோணும்? பேர எழுதியிருக்கலாமே?”

பெயரை எழுத விடவில்லை, சால்வை தருகிறார்கள் என்று நானும் பொத்திக்கொண்டு இருந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

“நீ எதியோ மறைக்கறண்ணா. அன்னிக்கு வெறும் பேப்பருன்னு சொன்ன. இன்னிக்கு வெறும் நம்பருன்னு சொல்ற. மேல இருக்கறவங்க உன்ன சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நான் சேர்மனையே கேட்டுக்கறன்.”

மேடைப் பக்கம் திரும்பிவிட்டாள். அங்கே இருநூறு நாற்காலி, கொடி கட்டிய கம்பம், மைக். அவள் அங்கே போய்க் கேட்டால் என்ன நடக்கும்? பைத்தியம் என்று கேட்டுக்கு வெளியே தள்ளுவார்கள். நாட்றாம்பாளையத்துக்குத் திரும்பிப் போய், எண்ணோடு பார்த்தேன், என்னவோ மறைக்கிறார்கள் என்று இன்னும் முப்பது வருடம் வாசலைப் பார்த்துக் கிடப்பாள். அதை நினைத்ததும் எனக்கு வந்ததே கோபம், அவள் மேல் இல்லை, என் மேல்.

“நில்லு! எங்கப்பா மேல ஆணையா சொல்றன், நில்லு!” என்று கத்தினேன். பாக்கெட்டிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து மூக்கில் எழுதியிருந்த நாலின் மேல் வைத்து அழுத்திச் சுரண்ட ஆரம்பித்தேன். படையில் எண் எழுதுகிற இடம் மாறவே மாறாது. ஏலக்காரனின் வெள்ளைக்கு அடியில் அசல் எண் இருந்தே ஆக வேண்டும்.

கறுப்பு பெயிண்ட் சுருள் சுருளாக உதிர்ந்தது. ஹரீஷ்குமார் தலைதெறிக்க ஓடிவந்தான். “சார்! என்ன சார் பண்றீங்க? சீப் கெஸ்ட் டோல்கேட் தாண்டிட்டாரு சார்!”

“அவரு எதை வேணாலும் தாண்டட்டும். கிட்ட வந்தே, சாவியாலயே குத்திடுவன், போய்யா அந்தாண்ட!”

வெள்ளை விட்டுக்கொடுக்கவில்லை, இரண்டு கோட் அடித்திருந்தான் பாவி. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அப்போது, இதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் ஆகிவிடுவேன், எனக்கும் ஒரு நப்பாசை தட்டியது. அடியில் நாலு இருந்துவிட்டால்? நான் சொன்னது எல்லாம் பொய்யாகி, இவள் சொல்வது நிஜமாகிவிட்டால்? சாவி ஒரு கணம் நின்றது. அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினேன்.

ஒரு வளைவு தெரிந்தது. நாலுக்கு வளைவு கிடையாது. கீழே இன்னொரு வளைவு. மூன்று. அடுத்த எழுத்தைச் சுரண்டினேன், ஆறு. கடைசியில் இரண்டு. யாரோ, எங்கேயோ, பத்திரமாகத் தரையிறங்கி, வயதாகி, ஏலத்துக்குப் போன ஒரு முந்நூற்று அறுபத்திரண்டு.

மாதேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள். விரலை மூன்றின் மேல் வைத்தாள், ஆறின் மேல் வைத்தாள், இரண்டின் மேல் வைத்தாள். மறுபடியும் முதலிலிருந்து வைத்துப் பார்த்தாள்.

“அப்ப இது இல்ல” என்றாள்.

“இல்லம்மா.”

“நாலு ஒண்ணு ஏழு?”

முப்பது வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னேன். “அது அன்னிக்கே போயிடுச்சும்மா. மூர்த்தியும் அதுலயே போயிட்டான். அன்னிக்கே எனக்குத் தெரியும். உன் முகத்தப் பாத்து சொல்லத் தைரியம் இல்ல. வெறும் பேப்பருன்னு சொன்னது பொய்.”

சக்கரத்தின் மேல் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். அழவில்லை. காகிதத்தை உறைக்குள் திரும்பச் செருகினாள், அது ஒழுங்காகப் போகாமல் மடங்கியது, வெளியே எடுத்து நீவிவிட்டு மறுபடியும் செருகினாள். ஹரீஷ்குமாரின் ஆட்கள் யாரோ பெயிண்ட் டப்பாவைத் தேடி ஓடினார்கள். மேடையில் மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வீரத்தின் சின்னம், தியாகத்தின் சின்னம் என்று ஒரு பெண் குரல் மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தது. அவள் பக்கத்தில் நானும் தரையில் உட்கார்ந்தேன்.

உறையைப் பைக்குள் போட்டுவிட்டு, “அமாவாச எப்பண்ணா வருது?” என்றாள்.

“புதன்கிழமைம்மா. தை அமாவாச.”

“இன்னும் மூணு நாளு இருக்குது.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சக்கரத்தைப் பிடித்தபடி எழுந்தாள். நான் கை கொடுக்கப் போனேன், அதைப் பிடிக்கவில்லை. “அவருக்கும் சேத்து இலை போட்டுடறன். நீ வராதண்ணா.”

வர மாட்டேன் என்று தலையாட்டினேன்.