பெண் உறுப்பினர்

அந்த பாட்டில் தொழிற்சாலையில் அவளைப் பெயர் சொல்லி அழைப்பவர் யாருமில்லை. மேனேஜரிலிருந்து வாசல் காவலாளிவரை எல்லோருக்கும் அவள் பெரியக்கா. பெண்களில் சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்தது அங்கே அவள்தான் முதல். அதற்குப் பிறகு இன்னொருத்தி உட்காரவில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவளும்தான்.

பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசர் ஓய்வுபெற்றதும் அந்த இடத்துக்கு இரண்டு பேர் மனுப் போட்டார்கள். ஒருத்தி மின்னல். அவள் நடையைப் பார்த்து யாரோ வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. பழைய சூப்பர்வைசர் முதுகுவலியில் படுத்திருந்த மாதங்களில் பிரிவை இழுத்துப் பிடித்து ஓட்டியவள் அவள்தான். இன்னொருவன் ஸ்டோர்ஸில் இருந்தவன். எந்த வெயிலிலும் சட்டை கசங்காது, அதனால் இஸ்திரி. நல்ல பையன்தான். யாரிடமும் சண்டைக்குப் போகமாட்டான், வேலையிடமும்கூட.

தேர்வுக் குழுவில் ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது. பெரியக்காவைப் போட்டார்கள். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நேர்முகத்துக்கு முன்பு மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"அக்கா, அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமாகி இன்னும் குழந்தை இல்ல. சூப்பர்வைசர் ஆக்கின கையோட லீவுல போயிட்டா நாம என்ன பண்றது? அதை ஒரு வார்த்தை கேட்டுடணும்."

"நீங்களே கேளுங்களேன் சார்."

"நாங்க ஆம்பளைங்க. கேட்டா தப்பாயிடும். நீங்க கேட்டா அக்கா தங்கச்சி பேசிக்கிற மாதிரி இருக்கும்."

பக்கத்தில் நின்ற பர்சனல் ஆபீசர் பலமாகத் தலையாட்டினார். பெரியக்காவுக்கு அதில் ஒன்றும் விகற்பமாகத் தோன்றவில்லை. அவளையும் இதே அறையில் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டார்கள். கேட்டவர்கள் ஆண்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மின்னல் வந்து உட்கார்ந்தாள். இயந்திரம் நின்றால் என்ன செய்வாய், ஆள் வராவிட்டால் எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னாள். மேனேஜர் பெரியக்காவைப் பார்த்து லேசாக இருமினார்.

"வீட்ல எப்படிம்மா? குழந்தை கிழந்தைன்னு ஏதாவது யோசனை இருக்கா?"

மின்னலின் முகத்தில் இருந்த தெளிவு ஒரு கணம் கலைந்தது. அவள் ஆண்கள் பக்கம் திரும்பினாள். மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பர்சனல் ஆபீசர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். அவள் பெரியக்காவிடமே திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஆசைதான்க்கா. டாக்டர்கிட்ட போயிட்டிருக்கோம். அதனால வேலைக்கு ஒரு குறையும் வராது."

அடுத்து இஸ்திரி. கேட்டதில் பாதிக்குச் சிரித்தே சமாளித்தான். எழுந்திருக்கும்போது, "சார், வீட்ல மாசமா இருக்காங்க. இந்த வேலை கிடைச்சா நல்லாயிருக்கும்" என்றான்.

"அடடே! சொல்லவே இல்லையே!" மேனேஜர் எழுந்து கை குலுக்கினார். "குடும்பம்னு ஆயிட்டா தானா பொறுப்பு வந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியக்காவும் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போதுதான் வாய்க்குள் ஏதோ கசந்தது. ஆனாலும் அவன் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போடச் சொன்னபோது போட்டாள். "நைட் ஷிஃப்ட் எல்லாம் அந்தப் பொண்ணுக்கு எதுக்குக்கா? அவ நல்லதுக்குத்தானே" என்றார் மேனேஜர்.

அந்த வாரமே பேக்கிங் பிரிவில் பேச்சு கிளம்பிவிட்டது. மின்னல் ஒரு நாள் லீவு கேட்டால், "என்ன, டாக்டரா?" என்று ஒருவன் கண்ணடித்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கை கழுவும் குழாயடியில் அவள் பெரியக்காவை மறித்தாள்.

"எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாதுக்கா. கேட்டது நீங்கங்கறதாலதான் பதில் சொன்னேன். வேற யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

"நான் வெளியில ஒரு வார்த்தை சொல்லலம்மா."

"உள்ள கேட்டீங்களே, அது போதாதா?"

குழாயை மூடாமலே போய்விட்டாள். மறுநாள் தலைமை அலுவலகத்துக்குப் புகார் போனது.

விசாரணைக்கு முந்தைய மாலை பெரியக்காவின் கணவர் காய் நறுக்கிக்கொண்டே, "ஞாபகம் இல்லன்னு சொல்லிடு. ஏன் வம்பு?" என்றார்.

"அவ பொய் சொல்றான்னு ஆயிடுமே."

"உன்னையும்தான் கேட்டாங்க. நீ என்ன, புகாரா பண்ணின?"

"ஒரு குழந்தை போதும்னு சொன்னேன்."

"சொன்னதோட விட்டியா? சொன்னபடியே இருந்தும் தொலைச்சோம்." கத்தி சற்று நின்றது. "நம்ம பாப்பா, தனக்கொரு தம்பி வேணும்னு அழுதப்போ என்ன சொல்லி ஏமாத்தினோம்னே மறந்துபோச்சு."

அதை அவர் இத்தனை வருஷமாக மனதில் வைத்திருந்தார் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு பெண்மணி. மரியாதையாகத்தான் பேசினார். "அந்தக் கேள்விய யார் கேட்டாங்க?"

"நான்தான் கேட்டேன்மா. கேட்டது தப்பு. ஆனா கேக்கச் சொன்னது மேனேஜர். பர்சனல் ஆபீசரும் கூட இருந்தாரு."

மேனேஜருக்குக் கோபமே வரவில்லை. வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டார். "அக்கா மேல எனக்கு மரியாதை உண்டு மேடம். ஆனா அப்படி எதுவும் நான் சொல்லல. அவங்க கேட்டதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஒரு பொம்பளையே இன்னொரு பொம்பளைய இப்படிக் கேக்கலாமா?"

பர்சனல் ஆபீசர் மேசையைப் பார்த்தபடி, தனக்கு அப்படி எதுவும் நினைவில்லை என்றார்.

மின்னலைக் கேட்டார்கள். நேர்முகத்தில் நடந்ததைத்தானே அவள் சொல்ல முடியும்? "கேட்டது இவங்க. மத்தவங்க தடுக்கல" என்றாள். 'தடுக்கல' என்பது யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

பெரியக்காவுக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். இனி அப்படிப்பட்ட கேள்வியை யாரும் கேட்கக் கூடாது என்று வாசலில் பெரிய எழுத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். இஸ்திரி இஸ்திரியாகவே சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மேனேஜர் எதிரே வரும்போதெல்லாம், "என்னக்கா, சௌக்கியமா?" என்று பழையபடியே கேட்டார்.

மின்னல் வேலையை விட்டுப் போன அன்று, பெரியக்கா வாசல்வரை கூடவே நடந்தாள்.

"என்னை மன்னிச்சிடும்மா."

"உங்களை மாட்டிவிடணும்னு நான் புகார் குடுக்கலக்கா. அவங்களைத்தான் கேப்பாங்கன்னு நெனச்சேன்." மின்னல் பையைத் தோள் மாற்றினாள். "ஆனா மன்னிக்கறதுக்கும் மனசு வரல. என்ன பண்றது?"

பெரியக்கா அவள் பேருந்தில் ஏறும்வரை நின்றாள். மின்னல் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த தேர்வுக்குக் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு இளம்பெண்ணைக் குழுவில் போட்டார்கள். அவள் புதுப் பூரிப்போடு பெரியக்காவைத் தேடி வந்தாள்.

"அக்கா, நீங்க இருந்திருக்கீங்களே. நான் என்ன பண்ணணும்?"

"கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, இதைக் கேளுன்னு சொல்லுவாங்க. நீங்களே கேளுங்க சார்னு சொல்லிடு. நான் ஒரு தடவை சொல்லிப் பாத்தேன். நீ விடாம சொல்லு."

அந்தப் பெண் மேனேஜர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்படிச் சொன்னா, அடுத்த தடவை என்னைக் கூப்பிட மாட்டாங்களேக்கா?"

"மாட்டாங்க" என்றாள் பெரியக்கா.

"அப்ப வேற யாரையாவது கூப்பிடுவாங்க."

"ஆமா."

உள்ளேயிருந்து மேனேஜர் அந்தப் பெண்ணை அழைக்கும் குரல் கேட்டது. அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு ஓடினாள். கதவு சாத்தப்படும் சத்தம் பெரியக்காவின் மேசைவரை வந்தது.