தகரத்துக்கு ஓடாத நாய்

தேவா பைக்கை ஸ்டாண்ட் போடும்போதே ரேணுகா துடைப்பத்தோடு வெளியே ஓடி வந்தாள். துடைப்பத்தில் பாதிதான் இருந்தது. மீதி உள்ளே நாயின் வாயில் இருந்தது.

"இது நாயா, முதலையா? பெருக்கிட்டு வர்றேன், கதவுக்குப் பின்னால படுத்துக் கெடக்குது. லேசா துடைப்பம் பட்டுச்சு, அவ்ளோதான். ஒரே கவ்வு. கையா இருந்தா கை போயிருக்கும்டா தேவா."

"கடிச்சுதாக்கா?"

"கடிச்சாத்தான் நம்புவியா?"

தேவா உள்ளே போனான். ஹாலில் போட்டிருந்த பிளைவுட் பலகையின் மேல் நாய் உட்கார்ந்திருந்தது. தென்னங்குச்சிகள் சுற்றிலும் சிதறிக் கிடந்தன. அவனைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. தப்பு செய்த நாய் தலையைத் தொங்கப் போடும் என்பார்கள். இது போடவில்லை. அதுவே அவனுக்குச் சரியாகப் படவில்லை.

வெள்ளை நாய். நெற்றி தனி, மூக்கு தனி என்றில்லாமல் தலை வழவழவென்று ஒரே சரிவாக இறங்கும். சின்ன முக்கோணக் கண்கள். எங்கே பார்க்கிறது என்று சொல்ல முடியாது. புல் டெரியர் ஜாதி. மூஞ்சியைப் பார்த்து அவன் மனைவி சங்கீதாதான் முட்டை என்று பேர் வைத்தாள்.

கொண்டு வந்ததும் அவள்தான். பாண்டியில் அவள் வேலை பார்த்த பல் கிளினிக்குக்கு வருகிற ஒரு அம்மா சும்மா கொடுத்தார்களாம். அன்றைக்கே தேவா கேட்டான்: "இந்த ஜாதி என்ன விலை விக்குதுன்னு தெரியுமா? சும்மா குடுக்கறாங்கன்னா உள்ள ஏதோ இருக்கு."

"இருந்தா இருக்கட்டுமே" என்று சிரித்துவிட்டுப் போனாள். ஏதோ இருக்கிறது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. பிறகு கேட்கலாம் என்று விட்டுவிட்டான்.

தை மாசம் ஈ.சி.ஆரில் அவள் ஸ்கூட்டியை ஒரு லாரி அடித்தது. அந்த இடத்திலேயே போய்விட்டாள். அதற்கப்புறம் தேவா யாரிடமும் எதையும் கேட்பதில்லை. சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்பான். சாப்பிட்டிருக்க மாட்டான்.

பெருமுக்கலில் தன் குடும்பத்தை விட்டுவிட்டு அக்கா ரேணுகா வந்து தங்கியிருந்தாள். மகள் வினோதினி யு.கே.ஜி. படிக்கிறாள். அவளைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, வேனில் ஏற்றி, மத்தியானம் இறக்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். தேவா விடியும்போது உப்பளத்துக்குப் போனால் சாயந்திரம்தான் வருவான்.

ரேணுகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இத அனுப்பிடு. இல்லைன்னா புள்ளைய நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க ஸ்கூல் இல்லையா, என் புள்ளைங்க படிக்கலையா?"

அக்கா வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் இல்லை. சொன்னால் செய்வாள். வினுவும் போய்விட்டால் இந்த வீட்டில் அவனும் ஒரு ஃபேனும்தான்.

"அனுப்பிடறேன்" என்றான்.

உப்பளத்தில் அவனுக்கு சூப்பர்வைசர் வேலை. பாத்திகளில் தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்ப்பது, எதில் உப்பு வாரலாம் என்று சொல்வது. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்குக் கிடைத்த வேலை. உப்பு ஏடு கட்டுகிற நேரத்தில் பாத்திக்குள் ஒரு காகம்கூட இறங்கக் கூடாது. ஏடு உடைந்து சேறு கலந்தால் உப்பு கறுத்துவிடும். அதனால் வாட்ச்மேன் கண்ணாயிரம் ஒரு எண்ணெய் டின்னையும் இரும்புக் கம்பியையும் வைத்துக்கொண்டு வரப்பில் சுற்றுவார். அவர் தட்டினால் கொக்கு பறக்கும், நாய் பிய்த்துக்கொண்டு ஓடும். மரக்காணத்து நாய்களுக்குத் தகரம்தான் போலீஸ்.

முட்டையைப் பற்றிப் பேச்செடுத்ததும் கண்ணாயிரம் கம்பியைக் கீழே வைத்தார்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் சார். போன மாசம் அவுத்துக்கிட்டு இங்க வந்துச்சு. வரப்பு மேல போவுது. பின்னாடி நின்னு தட்டறேன், தட்டறேன், டின்னே நசுங்கிடுச்சு. திரும்பிக்கூடப் பாக்கலியே! நானும் முப்பது வருஷமா தட்டறேன். தகரத்துக்கு ஓடாத நாய இப்பதான் பாக்கறேன்."

"அதனால?"

"பயம்னா என்னன்னே தெரியாத நாய் சார் அது. அந்த மாதிரி நாய்தான் ஒரு நாளைக்கு ஆளப் பாக்கும்."

உப்பு வாரிக்கொண்டிருந்த பாப்பாத்தி நிமிர்ந்தாள். "ஏன் வாட்ச்மேனு, உன் சம்சாரம் தட்டைத் தட்டினாகூட நீ ஓடற. அந்த நாய் உன்னவிட ஆம்பளயா இருக்குது, அதான் உனக்குக் காண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாயிரமும் சிரித்தார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் பாப்பாத்தியே சொன்னாள்: "இருந்தாலும் தம்பி, பொட்டப்புள்ள இருக்கற வூடு. பாத்துக்க."

மத்தியானம் பம்ப் ஷெட் நிழலில் உட்கார்ந்து போனில் தேடினான். குழந்தைகள் என்றால் உயிரை விடும் ஜாதி என்று ஒருவர் எழுதியிருந்தார். கவ்வினால் விடாது, வீட்டில் வைக்கவே கூடாது என்று இன்னொருவர். முதல் ஆள் நாய்க்குட்டி விற்கிறவர். இரண்டாவது ஆள் அப்படி ஒரு நாயை நேரில் பார்த்ததாகவே தெரியவில்லை. தேவா இரண்டு பேரையும் நம்பவில்லை.

அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். சொந்த வீட்டைத் திருடன் மாதிரி எட்டிப் பார்ப்பது அவனுக்கே ஒரு மாதிரிதான் இருந்தது.

நாய் பலகையில் முதுகைக் காட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. வினு உள் அறையிலிருந்து வந்தாள். பலகையின் ஓரத்தில் நின்று காலால் ஓங்கி இரண்டு தடவை மிதித்தாள். நாய் விருட்டென்று தலையைத் தூக்கித் திரும்பியது. அவளைப் பார்த்தது. அதற்கப்புறம்தான் அவள் கிட்டே போய் அதன் வயிற்றில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பயத்தில் மிதிக்கிறாளா? கோபமா? ஒரு தடவை கடி வாங்கிய குழந்தைதான் இப்படி எட்ட நின்று பார்த்துவிட்டுப் போகும் என்று தோன்றியது.

உள்ளே போய் அவள் கால்களைத் தூக்கிப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே சிராய்ப்பு.

"இது என்ன?"

"முட்டை இடிச்சுது."

"கடிச்சுதா?"

"இடிச்சுதுப்பா. பந்து எடுக்க ஓடி வந்துச்சா, நான் விழுந்துட்டேன்."

"பொய் சொல்லக் கூடாது."

வினு அவனை ஒரு பார்வை பார்த்தாள். சங்கீதாவின் பார்வை. "நீங்கதான் பொய்யி. முட்டைய அனுப்பப் போறீங்க. அத்தை சொன்னாங்க."

அவன் வெளியே போய் சதீஷுக்கு போன் போட்டான். கண்ணாயிரம் கொடுத்த நம்பர். நாய் வாங்கி விற்கிற ஆள், கோட்டக்குப்பம் பக்கம்.

"புல் டெரியரா ப்ரோ? ஞாயித்துக்கெழமையே வந்து எடுத்துக்கறேன். ஆமா, வேற நாயப் பாத்தா எப்படி?"

"ஆகாது. கயித்த இழுக்கும்."

"சூப்பர். கவ்வினா விடுமா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான் ப்ரோ. ஜெனரல் நாலெட்ஜ்" என்று சிரித்தான் சதீஷ்.

போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு தேவாவின் காதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிக்கப் வண்டி வந்தது. பின்னால் ஒரு இரும்புக் கூண்டு. அதன் கம்பிகள் இரண்டு மூன்று இடத்தில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. உள்ளேயிருந்து ஏதோ முட்டித் தள்ளியிருக்க வேண்டும். சதீஷ் கையில் சங்கிலியோடு இறங்கினான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழைய தையல் போட்ட தழும்பு.

"எங்க நம்ம ஹீரோ?"

பிளைவுட் பலகையை அன்றைக்கு வாசல் கூரை ஷீட்டுக்குக் கீழே நிழலில் போட்டிருந்தார்கள். முட்டை அதில் சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பிக்கப் சத்தத்துக்கு எழவில்லை. சதீஷ் விசில் அடித்தான். எழவில்லை. "டேய் ராஜா" என்றான். காதுகூட அசையவில்லை.

"திமிரப் பாருங்க ப்ரோ" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே சங்கிலியை விரித்துப் பிடித்துப் பின்னால் நெருங்கினான்.

"பின்னாடி போகாதீங்க மாமா!"

வினு உள்ளேயிருந்து ஓடி வந்தாள். ரேணுகா "ஏய், ஏய்" என்று பிடிப்பதற்குள் பலகை ஓரத்துக்கு வந்துவிட்டாள். தம் தம் என்று மிதித்தாள். முட்டை தலையைத் தூக்கியது. திரும்பி அவளைப் பார்த்தது, புது ஆளைப் பார்த்தது, வாலை ஆட்டியது.

"காலால தட்டிட்டுதான் கிட்ட போகணும். அதுக்குக் காது கேக்காது."

சதீஷ் விரித்த சங்கிலியோடு அப்படியே நின்றான்.

"யார் சொன்னாங்க?" என்றான் தேவா.

"அம்மா."

"எப்போ?"

"முட்டை வந்தப்பவே. அந்த ஆன்ட்டி அம்மாகிட்ட சொல்லித்தான் குடுத்தாங்க. அம்மா பலக எதுக்குப் போட்டாங்க? மிதிச்சா முட்டைக்குத் தெரியும், அதுக்குத்தான்."

தரை ஓதம் என்பதால்தான் அந்தப் பலகை என்று அவன் இவ்வளவு நாளும் நினைத்திருந்தான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

வினு கொஞ்சம் யோசித்தாள். "அப்பாகிட்ட சொல்லாத, சொன்னா திருப்பிக் குடுத்துட்டு வந்துடுவாருன்னு அம்மா சொன்னாங்க."

தேவா சமையலறைக்குப் போய் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்து வந்தான். நாயின் பின்பக்கமாகப் போய் நின்று ஓங்கித் தட்டினான். எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். ஷீட்டின் மேல் இருந்த காகம் பறந்தது. முட்டை வினுவின் கையை நக்கிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை தட்டினான். அதுவும் அப்படித்தான்.

அவன் நினைவுக்கு ஒவ்வொன்றாக வந்தது. கூப்பிட்டால் வராத நாய். பைக்கை வாசலில் ஏற்றினால் மட்டும் எழுந்து வருகிற நாய், தரை அதிர்ந்திருக்கும். அக்காவின் துடைப்பம், பின்னாலிருந்து, தூக்கத்தில். கண்ணாயிரத்தின் நசுங்கிய டின்.

"செவிடா?" என்றான் சதீஷ். முகம் வாடும் என்று தேவா எதிர்பார்த்தான். மலர்ந்தது. "இன்னும் நல்லதாப் போச்சு ப்ரோ. எத்தன பேரு சுத்தி நின்னு கத்தினாலும் மெரளாது."

"எங்க கத்துவாங்க?"

சதீஷ் சங்கிலியைக் கையில் சுருட்டினான். "விடுங்க ப்ரோ. உங்களுக்கு நாய் வேணாம், எனக்கு வேணும்."

தேவா வளைந்த கம்பிகளைப் பார்த்தான். நாய்ச் சண்டைக்குத்தான். "குடுக்கல."

"பேசினதுக்கப்புறம் இப்படிச் சொன்னா எப்படி? பெட்ரோல் போட்டு வந்திருக்கேன்."

"குடுக்கலன்னு சொல்லிட்டேன். கெளம்புங்க."

சதீஷ் என்னவோ முனகினான். ரேணுகா பாதித் துடைப்பத்தோடு படியிறங்கினாள். "ஏம்பா, காது உனக்கும் கேக்காதா?"

பிக்கப் போனது. ரேணுகா தம்பியின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கவில்லை.

"செவிட்டு நாய் கடிக்காதா?"

"கடிக்கும்."

"அப்புறம்?"

திண்டிவனத்தில் இருக்கிற கால்நடை டாக்டருக்கு போன் போட்டு, அக்கா கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான். டாக்டர் அவசரத்தில் இருந்தார். வெள்ளையில் செவிடு பிறப்பது உண்டு என்றார். "மனுஷங்கன்னா அதுக்கு உசுரு. வேற நாய்னா ஆகாது, வெளிய கயிறு இல்லாம விடாதீங்க. உடம்பு உருட்டுக்கட்ட மாதிரி, விளையாட்டா இடிச்சாலே புள்ள விழும். தூங்கும்போது தொடாதீங்க. புள்ளையும் நாயும் தனியா இருக்கவே கூடாது. அது எந்த நாயா இருந்தாலும்தான்."

"வீட்டுல வெச்சுக்கலாமா சார்?" என்றான் தேவா.

"நீங்க கூட இருந்து பாத்துப்பீங்களா? அதச் சொல்லுங்க."

தேவா வினுவையும் நாயையும் பார்த்தான். "பாத்துப்பேன்" என்றான். ரேணுகா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சாப்பிட்டேன் என்று சொல்லும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மரச்சட்டமும் கம்பிவலையும் வாங்கி வந்தான். கொல்லைக்கும் ஹாலுக்கும் நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு கதவு அடித்தான். அவன் வேலைக்குப் போனால் முட்டை கொல்லையில். அவன் வீட்டில் இருந்தால் உள்ளே. வினு ஆணி எடுத்துக் கொடுத்தாள். முட்டை சுத்தியலை முகர்ந்து பார்த்துத் தும்மியது. ஒவ்வொரு தடவை அது வினுவின் பக்கம் நகரும்போதும் தேவாவின் கை நின்றது. சந்தேகம் போய்விடவில்லை. போக வேண்டும் என்றும் அவன் நினைக்கவில்லை.

ரேணுகாவின் பை கட்டிலுக்கு மேல் திறந்தபடி கிடந்தது. உள்ளே அவளுடைய இரண்டு புடவை. வினுவின் யூனிஃபார்மும் இருந்தது.

மறுநாள் விடியற்காலை. தேவா கண்ணாடி முன்னால் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். பை இன்னும் கட்டில் மேல்தான் இருந்தது. உள்ளே எட்டிப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

ஹாலில் துடைப்பச் சத்தம் கேட்டது. பலகைக்குக் கிட்டே வந்ததும் நின்றது. தேவா அசையாமல் நின்றான்.

தம். தம்.

"எந்திரிடா முட்டை, பெருக்கணும்" என்றாள் ரேணுகா. நகங்கள் பலகையில் உரசும் சத்தம். பிறகு அவள் குரல் உள்ளே திரும்பியது: "தேவா, புள்ளையோட யூனிஃபார்ம பையில இருந்து எடு. வேன் வந்துரும்."