கடைசி வரிசையில் ஒரு காலியிடம்

மேஜை விளிம்பில் தாடையை வைத்து ஒரு கண்ணை மூடினால் போதும், அவர் ரோமானியச் சிப்பாய் ஆகிவிடுவார்.

காலை ஆறரைக்கு அந்தக் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் படுத்தவாக்கில் உள்ளே வரும். இரண்டு அங்குல உயர ஈயச் சிப்பாய்களின் நிழல் இரண்டடிக்கு நீளும். சிவப்புக் கேடயங்களில் கையால் தீட்டிய மஞ்சள் இறக்கைகள் மினுங்கும். மேஜையின் கீறல்கள் வண்டித் தடங்களாகும். ஒரு வாரமாகத் தட்டாத தூசி நெடுஞ்சாலைப் புழுதியாகும். தொண்ணூற்றொன்பது பேரும் மெல்ல நடக்கத் தொடங்குவார்கள்.

வரிசைக்குப் பத்துப் பேர், பத்து வரிசை. கடைசி வரிசையின் வலது கோடியில் மட்டும் ஓர் இடம் காலி. அந்த இடத்தில் அவர் நடப்பார்.

ஆளுக்கொரு முகம். தீட்டியவரின் தூரிகை கொஞ்சம் நடுங்கியதால் வாய் திறந்தபடி நிற்பவன் தும்மல்காரன். ஒரு புருவம் ஏறி நிற்பவன் சந்தேகராசா. முதல் வரிசையின் முதல் ஆளாக, தலைக்கவசத்தின் மேல் விசிறியைக் குறுக்கே செருகியது போலக் கொண்டையோடு நிற்கும் தலைவனுக்குப் பெயர் மச்சான். அவர் மனைவியின் அண்ணனை உரித்து வைத்த முகம்.

ஒன்றே ஒன்றுதான் குறை. அந்தப் படை சத்தமில்லாமல் நடந்தது. ஆணி அடித்த செருப்புகள் கல் பாவிய சாலையில் எழுப்பும் ஒலியை எவ்வளவு நினைத்துப் பார்த்தும் அவருக்குக் கேட்கவில்லை. கூடத்திலிருந்து வரும் தையல் மெஷின் சத்தம்தான் காரணம் என்று கதவை இறுகச் சாத்தியும் பார்த்தார். பலனில்லை.

"தளபதியாரே, டீ ஆறுது! குதிரை மேலேயிருந்து இறங்கி வாங்க" என்று கூடத்திலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"குதிரை இல்லை. நாங்க காலாட்படை."

"அப்ப சீக்கிரமே வரலாமே!"

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். பகல் முழுக்க மற்றவர் கண்களுக்குத் தெளிவு செய்து கொடுத்துவிட்டு, தனக்கென்று இந்த ஒரு மணி நேரத்தை மட்டும் மங்கலாக வைத்துக்கொண்டிருந்தார். மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். கூடத்து ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். பட்டப்பகலிலும் இரண்டு ட்யூப் லைட் எரிய, கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டிக்கொண்டிருப்பாள். போன மாதம்தான் அவளுக்குப் புதுக் கண்ணாடி போட்டார். அந்த லென்ஸைத் தேய்த்தது அவர் கைதான். பவர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

ஒன்பது வருடம் முன்பு முதல் சிப்பாயை வாங்கி வந்த அன்று அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "ரோமானியப் படையில ஒரு பிரிவுக்குப் பேரு செஞ்சுரி. நூறு பேரு சேர்ந்ததும் செஞ்சுரி அடிச்சவன் மாதிரி பேட்டைத் தூக்கிக் காட்டிட்டு வெளியே வந்துடறேன். ஜன்னல் அறை உனக்கு."

அந்த ஆட்டம் தொண்ணூற்றொன்பதில் வந்து நின்று ஏழு மாதமாகிவிட்டது.

"இன்னும் எத்தனை நாளைக்குக் கட்டை போடப் போறீங்க?" என்பாள்.

"கடையில நூறாவது ஆளு வரலையே, நான் என்ன செய்ய?" என்பார்.

சொல்லும்போது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். நூறாவது ஆள் அங்கே, ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், பஞ்சு மெத்தையில் படுத்திருந்தான்.

வாங்கிய அன்றே அவனைக் கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்தினார்தான். தாடையை மேஜையில் வைத்தார். ஒரு கண்ணை மூடினார். வெயில் வந்தது, நிழல் நீண்டது, படை நகர்ந்தது. அவர் மட்டும் சாலையோரம் நின்றார். நூறு முதுகுகள் புழுதிக்குள் மறைவதைப் பார்த்தபடி, பஸ்ஸைத் தவறவிட்டவர் போல நின்றார். சட்டென்று அவனை எடுத்துக் கூட்டில் போட்டு மூடியவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சிப்பாய்களை விற்கும் பழம்பொருள் கடைக்காரரே வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பேன்ட்.

"இடுப்புல ரெண்டு இன்ச் பிரிச்சுக் குடுக்கணும் அண்ணி. துவைச்சதுல சுருங்கிடுச்சு."

"துணி சுருங்கலை தம்பி, நீங்க வளர்ந்துட்டீங்க" என்றாள் அவள். மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அறைக்குள் அவர் மேஜையிலிருந்து தலையைத் தூக்கினார். எழுந்து போய்ப் பேச்சை மாற்றலாமா? அதற்குள் காரியம் கெட்டது.

"நூறாவது ஆளு எப்படி இருக்கான் அண்ணி? அண்ணன் குழந்தையைத் தூக்கற மாதிரி வாங்கிட்டுப் போனாரு. ஏழு மாசம் இருக்குமா?"

மெஷின் நின்றது.

கடைக்காரர் எதையோ மிதித்துவிட்டவர் போல, "சரி அண்ணி, புதன்கிழமை வர்றேன்" என்று நழுவினார். அறைக் கதவு திறந்தது. கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்க, மூக்கில் புதுக் கண்ணாடியோடு அவள் நின்றாள்.

"எங்கே அவன்?"

அவர் சட்டைப் பையிலிருந்து கூட்டை எடுத்துத் திறந்து நீட்டினார். பஞ்சின் மேல் அரைத் தூக்கக் கண்களோடு ஒரு சின்னச் சிப்பாய். அவள் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள்.

"இவன் என்னங்க பாவம் பண்ணினான், ஏழு மாசம் பெட்டிக்குள்ள? எனக்கு அறையைத் தர மனசில்லைன்னு நேரா சொல்லியிருக்கலாமே."

"அறைக்காக இல்லை."

"பின்னே?"

லென்ஸில் கீறல் விழுந்ததை ஒப்புக்கொள்ளும் குரலில் சொன்னார்: "அந்தக் காலி இடத்துல... நான் நடப்பேன்."

அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். அவருடைய தொப்பையைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால், அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மேஜை விளிம்பில் தாடையை வைத்திருந்தாள்.

"எங்க போறீங்க எல்லாரும்?"

"தெரியலை. நடந்துக்கிட்டே இருக்கோம்."

"எங்க அண்ணன் பின்னாடி போறீங்கள்ல, அதான் தெரியலை." கொஞ்ச நேரம் அவளும் அந்தப் புழுதியைப் பார்த்தாள். "மழை வந்தா?"

"கூடாரம் போடுவோம். எட்டுப் பேருக்கு ஒண்ணு. ஆட்டுத்தோல்ல தைச்சது."

"ஆட்டுத்தோலா? ஊசி உடையுமே." கை தானாக டேப்பைத் தொட்டது. "எட்டுப் பேருக்கு ஒண்ணுன்னா நூறு பேருக்கு எத்தனை தைக்கணும்?"

"அது... பன்னெண்டு."

"பன்னெண்டு எட்டு தொண்ணூத்தாறு. மிச்ச நாலு பேரு நனையறாங்களா?"

அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்ததில்லை. எழுந்து அலமாரியிலிருந்து படப் புத்தகத்தை எடுத்தார். கேடயத்துக்கு என்ன நிறம், செருப்புக்கு எத்தனை வார் என்று பார்க்க மட்டுமே புரட்டிய புத்தகம். உருப்பெருக்கியை வைத்துப் பொடி எழுத்துகளை முதல் தடவையாகப் படித்தார். படிக்கப் படிக்க முகம் தும்மல்காரன் முகமானது.

"என்ன போட்டிருக்கு?"

"செஞ்சுரின்னு பேருதானாம். ஆளு... எண்பதுதானாம். பத்துக் கூடாரம். தலைவனுக்குத் தனியா ஒண்ணு."

"நமக்கு எண்பது பேரு சேர்ந்தது எப்போ?"

பொய் சொல்லலாம்தான். ஆனால் அவள் மூக்கின் மேல் அவர் தேய்த்த லென்ஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மூணு வருஷம் முந்தி."

"அப்ப மூணு வருஷமா என் அறையில உட்கார்ந்து ஊர்வலம் போயிருக்கீங்க!"

"ஆமா." அவர் குரல் இறங்கிவிட்டது. "தப்புதான். இன்னிக்கே காலி பண்ணிடறேன்."

அட்டைப்பெட்டியை எடுத்து வந்து, முதலில் தும்மல்காரனைத் தூக்கினார். எண்பது என்றாலும் நூறு என்றாலும் நிறைந்த படையில் காலியிடம் ஏது? இனி எங்கே போய் நடப்பது? ஈயம் இவ்வளவு கனக்கும் என்று அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

"அவனைக் கீழ வைங்க" என்றாள் அவள்.

தையல் சாக்கட்டியை எடுத்து வந்து மேஜையின் ஒரு பாதியில் நேர்கோடுகள் இழுத்தாள். ஸ்கேல் இல்லாமலேயே பத்துக் கட்டங்கள் பிசகாமல் விழுந்தன. கட்டத்துக்கு எட்டுப் பேராகக் குடிவைத்தாள். மச்சானுக்குத் தனியாக ஒரு வட்டம் போட்டாள். "எங்க அண்ணனுக்கு அங்கேயும் தனி அறைதான் வேணுமா!" இருபது பேரைப் பிரித்துக் கூடத்துக் கண்ணாடி அலமாரிக்கு என்று ஒதுக்கினாள். கடைசிக் கட்டத்தின் கோடியில் நூறாவது ஆளை, அந்தத் தூங்குமூஞ்சியை, வைத்தாள். கையைத் தட்டிச் சாக்கட்டித் தூளை உதிர்த்தாள்.

அவர் எண்ணிப் பார்த்தார். கடைசிக் கட்டத்தில் ஏழு பேர்தான் இருந்தார்கள்.

"ஒரு ஆளு குறையுதே."

"குறையலையே. அவருக்குக் கண்ணாடிக் கடையில வேலை. காலையில மட்டும் வருவாரு." பிறகு விரலை நீட்டினாள். "நூறோட சரி. இனிமே ஒருத்தன் உள்ள வந்தா, அவனோட சேர்த்து நீங்களும் அலமாரிக்குள்ள நிப்பீங்க."

புதன்கிழமை பேன்டை வாங்க வந்தபோது கடைக்காரர் இதைக் கேட்டுவிட்டு அலமாரியை அனுதாபத்தோடு பார்த்தது வேறு விஷயம். அந்த ஞாயிறு மதியமே இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெஷினை ஜன்னலடிக்குக் கொண்டுவந்தார்கள். அதன் ஒரு காலை மேஜையோடு ஒட்டி நிறுத்தினால்தான் இடம் போதியது.

மறுநாள் ஆறரை. வெயில் படுத்தவாக்கில் வந்தது. அவள் கறுப்பு நூலை ஊசிக்காதில் நுழைத்தாள், ஒரே தடவையில். கறுப்புத் துணியை விரித்தாள். அவர் மேஜை விளிம்பில் தாடையை வைத்து ஒரு கண்ணை மூடினார். நிழல்கள் நீண்டன. தூங்குமூஞ்சி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது போல இருந்தது.

அவள் பெடலை மிதித்தாள்.

டக்டக்டக்டக்.

மேஜை மெல்ல அதிர்ந்தது. தாடை எலும்பு வழியாக அந்த அதிர்வு அவர் காதுக்குள் ஏறியது. ஈயக் கால்கள் மரத்தின் மேல் துடித்தன. கல் பாவிய சாலையில், எண்பது ஜோடி செருப்புகளின் ஆணிகள் ஒன்றுபோலப் பேசின. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகப் படைக்குச் சத்தம் வந்திருந்தது.

"ஏங்க, சத்தம் தொந்தரவா இருக்கா? மெதுவா மிதிக்கட்டுமா?" எங்கோ உயரத்திலிருந்து, மேகத்துக்குள்ளிருந்து வருவது போல அவள் குரல் கேட்டது.

"வேண்டாம்." அவர் கண்ணைத் திறக்கவில்லை. "மேற்கே மழை இருட்டிக்கிட்டு வருது. இதே வேகத்துல போனாத்தான் கூடாரம் போட முடியும்."

அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தாள்.